காபி மணம் போனது எட்டு ஆண்டுகளுக்கு முன்பு, கை நடுக்கம் இந்த ஆண்டு: இரண்டும் ஒரே நோயா?

காபிக்கடைக்காரர் மகள், கும்பகோணம்

எங்கள் அப்பா நாற்பது ஆண்டுகள் காபிக்கொட்டை வறுத்து அரைத்து விற்றவர். வறுவல் பதத்தை மூக்கால்தான் பார்ப்பார். டப்பாவைத் திறந்து மோந்த உடனே "சிக்கரி ஒரு பிடி கூடிவிட்டது" என்பார். எட்டு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு நாள், மெஷினுக்கு முதுகைக் காட்டி நிறுவை போட்டுக்கொண்டிருந்தார். கொட்டை கருகி, வாடை அடுக்களை வரை வந்து அம்மா ஓடிவந்தார். அப்பாவுக்கு ஒன்றும் தெரியவில்லை. காட்டிய இடத்தில், ஜலதோஷம், வயதும் ஆகிறது என்று சொட்டு மருந்து கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

அதே காலத்தில் மலச்சிக்கல்; தினம் இரவில் கடுக்காய்ப் பொடி. பிறகு தூக்கத்தில் கத்துவதும் கையை ஓங்குவதும். ஒரு முறை கனவில் வந்த திருடனை உதைக்கப்போய் அம்மாவை உதைத்துவிட்டார். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

தை மாதம் கடைப் பற்று நோட்டைப் புரட்டினேன். பக்கத்தின் தலையில் குண்டு குண்டாகத் தொடங்கும் அப்பாவின் எழுத்து, அடிக்கு வரும்போது எறும்பு வரிசையாக இளைத்துக் கிடந்தது. வலக்கை சும்மா இருந்தால் சீடை மாவை விரலிடுக்கில் உருட்டுவதுபோல் கட்டைவிரல் உருள்கிறது. தஞ்சாவூர் நரம்பியல் மருத்துவர் பார்க்கின்சன் நோய் என்றார். எழுந்திருக்கும்போது, "குடலிலேயே தொடங்கியிருக்கலாம்" என்றார். வெளியே முப்பது பேர் காத்திருந்தார்கள். மேலே கேட்கக் கூச்சம். நடுங்குவது கை, நோய் மூளையில். நடுவில் குடல் எங்கே வந்தது? அண்ணனோ, நாளுக்கு ஆறு டம்ளர் காபிதான் காரணம் என்று அப்பாவிடமே சண்டை போடுகிறான்.

திருவையாற்றுக்காரன் (இப்போது பெங்களூரில், நரம்பணு ஆய்வுக்கூடத்தில்)

சகோதரி, முதலில் அண்ணனைச் சும்மா இருக்கச் சொல்லுங்கள். ஹவாயில் ஜப்பானிய வம்சாவளி ஆண்கள் எட்டாயிரம் பேரை முப்பது ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 2000இல் வெளியிட்ட ஆய்வில், காபி குடித்தவர்களுக்கு இந்த நோய் குறைவாகவே வந்திருந்தது. அதற்காகக் காபி குடித்தால் வரவே வராது என்றும் இல்லை, அப்பாவே சாட்சி.

குடல் விஷயத்துக்கு வருகிறேன். நரம்பு முனைகளில் ஆல்பா சைநியூக்ளின் என்ற புரதம் எல்லோருக்கும் உண்டு. அது தப்பாக மடிந்துகொண்டால், பக்கத்தில் இருக்கும் நல்ல புரதத்தையும் தன்னைப்போலவே மடித்துவிடுகிறது. ஒரு சொட்டு உறைமோர் ஒரு பானைப் பாலையும் தயிராக்குகிறதே, அப்படி. மூக்கின் நரம்பிலும், குடலை மூளையோடு இணைக்கும் வேகஸ் நரம்பின் மூளைப்பக்க முனையிலும்தான் இப்படித் தப்பாக மடிந்த புரதத்தின் திரள்கள் முதலில் தெரிகின்றன. பிறகே மேலே ஏறுகின்றன என்று ஜெர்மனியில் பிராக் என்பவரின் குழு 2003இல் எழுதியது. மணம் போனது, மலச்சிக்கல், கனவில் உதைத்தது மூன்றும் அந்த வழியில் வரும் ஊர்கள். உடல் அசைவைச் சீராக வைக்கும் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் கரும்பகுதி நடுமூளையில் இருக்கிறது. அங்கே அது போய்ச் சேர்ந்து, அங்குள்ள நரம்பணுக்கள் பெருமளவு அழிந்த பிறகுதான் கை நடுங்கும்.

அந்தக் காலத்தில் வயிற்றுப்புண்ணுக்கு வேகஸ் நரம்பை வெட்டிவிடுவார்கள். டென்மார்க் பதிவேடுகளை 2015இல் அலசியபோது, அடித்தண்டையே வெட்டிக்கொண்டவர்களுக்குப் பின்னாளில் பார்க்கின்சன் குறைவாக வந்திருந்தது. ஆனால் எல்லோருக்கும் குடல்தான் வாசல் என்று நான் சொல்லமாட்டேன். சிலருக்கு மூளையில் தொடங்கிக் கீழே இறங்குகிறது என்ற கருத்தும் வலுவாக இருக்கிறது. அப்பாவின் கதை முதல் வகையைப்போல் தெரிகிறது.

அதே உறைமோர்க் கணக்கில் ஒரு சோதனையும் வந்துவிட்டது. தண்டுவட நீரை எடுத்து நல்ல புரதத்தில் கலந்து, உறைகிறதா என்று பார்ப்பார்கள். 1,123 பேரிடம் செய்து 2023இல் வெளியிட்டார்கள். நோயாளிகளில் ஏறத்தாழ 88 விழுக்காட்டினரிடம் உறைந்தது. மணம் போனவர்களிடம் இன்னும் கூடுதல். உங்கள் அப்பாவுக்கு அது இப்போது தேவையில்லை. கையைப் பார்த்தே மருத்துவர் சொல்லிவிட்டாரே.

வலங்கைமான் தாத்தா

இத்தனை பேச்சு எதற்கம்மா? பூனைக்காலி விதையைப் பாலில் வேகவைத்துத் தோல் நீக்கிப் பொடித்து, காலை மாலை அரைக் கரண்டி கொடுங்கள். நம் வேலியில் கிடக்கிற மருந்து.

மயிலாடுதுறை அம்மாள்

ஐயா சொல்லும் விதையில் சரக்கு இருப்பது உண்மைதான். பார்க்கின்சன் மாத்திரையில் இருக்கும் லெவோடோபா என்ற அதே மருந்தைச் சென்னையில் தாமோதரனும் இராமசாமியும் 1937இலேயே அந்த விதையிலிருந்து பிரித்தெடுத்துவிட்டார்கள். வம்பே அங்குதான். என் வீட்டுக்காரர் பஸ் நடத்துநராக இருந்தவர். மாத்திரை ஒரு பக்கம், எனக்குத் தெரியாமல் வாங்கிய பொடி ஒரு பக்கம். இரண்டே வாரத்தில் கழுத்தும் தோளும் விலாங்குமீன்போல் நெளியத் தொடங்கின. ஒரே மருந்தை இரண்டு கையால் அள்ளிப்போட்ட கதை. தாத்தா, கோபிக்காதீர்கள், மருத்துவரிடம் சொல்லாமல் கொடுக்கவே கூடாது.

மகளே, மாத்திரை எப்போது கொடுக்கிறாய்? நாங்கள் ஓர் ஆண்டு இட்லி சாம்பாரோடு கொடுத்து ஏமாந்தோம். பருப்பிலிருந்து வரும் புரதச்சத்தும் இந்த மருந்தும் குடலில் ஒரே கதவைத் தட்டுகின்றன. மூளை வாசலிலும் அதே நெரிசல். பத்து மணி வரை மனிதர் மரக்கட்டையாக உட்கார்ந்திருப்பார். சாப்பாட்டுக்கு அரைமணிக்கு முன்னால் வெறும் தண்ணீரில் கொடுக்கலாமா என்று உன் மருத்துவரைக் கேள்.

காபிக்கடைக்காரர் மகள், கும்பகோணம்

கேட்டேன் அம்மா, கொடுக்கலாம் என்றார். ஆறரைக்கு மாத்திரை, ஏழேகாலுக்கு இட்லி. பத்து நாளாகச் சட்டைப் பொத்தானை அவரே போட்டுக்கொள்கிறார். கடைக்கும் வருகிறார். மணம் இல்லாவிட்டால் என்ன, கொட்டை வெடிக்கும் சத்தத்தை வைத்தே பதம் சொல்கிறாராம். நேற்று தம்பி இறக்கியதை, "அரை நிமிஷம் முந்திவிட்டாய்" என்று திட்டினார்.

அவருக்கு ஒரே கேள்விதான்: விடிகாலைக் காபியில் ஊற்றுகிற பாலும் அந்தக் கதவைத் தட்டுமா? மாத்திரைக்கு முன்பா பின்பா என்று கேட்டு வாங்கச் சொன்னார்.