சென்னை ஆற்றங்கரை வீட்டுக்காரர்களே, ஐப்பசிக்கு முன்னால் என்ன செய்து வைக்கிறீர்கள்?

ஜாபர்கான்பேட்டை, தரைத்தளம்

புரட்டாசி முடியப் போகிறது. போன வாரம் பரணில் இருந்த சாக்குகளை இறக்கி உதறிக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடி வந்திருக்கும் பெண் எட்டிப் பார்த்து, "என்னக்கா, இப்பவேவா? வெயில் மண்டையப் பொளக்குதே" என்றாள். அவளை உட்கார வைத்துச் சொன்னதைத்தான் இங்கேயும் எழுதுகிறேன். உங்கள் வீட்டில் நடந்ததையும் எழுதுங்கள். வீடு பார்க்க வருகிறவர்களுக்கு எந்த புரோக்கரும் இதைச் சொல்வதில்லை.

2015 டிசம்பர் 1. பகல் முழுக்க விடாத மழை. தாம்பரத்தில் மட்டும் 49 செ.மீ. கொட்டியது என்று பிறகுதான் தெரிந்தது. செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்துவிட்டார்கள் என்று சாயந்திரம் தெருவில் பேச்சு. எங்கள் வீடு அடையாற்றிலிருந்து மூன்று தெரு தள்ளி இருக்கிறது. ரோடு மேல் ரோடாகப் போட்டு, வீடு ரோட்டைவிட ஒரு அடி பள்ளத்தில் கிடக்கிறது. நாங்கள் செய்த ஒரே ஏற்பாடு, வாசலில் மணல் மூட்டை அடுக்கியதுதான். ராத்திரி ஒரு மணி வரை குடும்பமே வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர். மூட்டை தாங்கியது. "பரவாயில்ல, போய்ப் படுங்க" என்றார் மாமனார்.

அப்போது பின்பக்கம் குளியலறையிலிருந்து ஒரு சத்தம். குடத்தைத் தண்ணீரில் அமுக்கினால் குபுக் குபுக்கென்று வருமே, அந்தச் சத்தம். டார்ச் அடித்துப் பார்த்தேன். தரையில் பதித்த சல்லடை மூடி ஆடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு ஓட்டையிலும் கறுப்பாக ஒரு குமிழி எழும்பி உடைந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூடி புரண்டு விழுந்தது. பக்கத்தில் கழிப்பறைக் கோப்பை விளிம்பு வரை ஏறி வழியத் தொடங்கியது. வாசல் மூட்டை அசையாமல் நிற்க, வீட்டுக்குள் முழங்கால் அளவு சாக்கடை. அரிசி டின், பிள்ளைகளின் புத்தகம், கட்டிலுக்கு அடியில் பெட்டியில் வைத்திருந்த கல்யாணப் புடவைகள், எல்லாம் அரை மணி நேரத்தில் போயின. வீட்டுக்குள் இருந்த நான்கு ஓட்டைகளைப் பற்றி ஒருவருக்கும் நினைப்பே வரவில்லை.

ஏன் இப்படி ஆயிற்று என்று பிளம்பர்தான் பிறகு விளக்கினார். தெருவுக்கு அடியில் ஓடும் கழிவுநீர்க் குழாயும் நம் குளியலறைக் குழாயும் ஒன்றோடு ஒன்று சேர்ந்தவை. மேன்ஹோல் மூழ்கிவிட்டால், தெருத் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறதோ அந்த மட்டத்துக்குக் குழாய் வழியாக வீட்டுக்குள்ளும் ஏறப் பார்க்கும். பள்ளத்து வீட்டில் அது நேராகத் தரையில் கக்கும். தெருவில் கணுக்கால், எங்களுக்கு முழங்கால். கணக்கு அவ்வளவுதான்.

விடிவதற்குள் ஆறே தெருவுக்கு வந்துவிட்டது. மூட்டையெல்லாம் எங்கே போயிற்றோ. மூன்று நாள் மாடியில் கொழுந்தனார் வீட்டில் இருந்தோம். கரண்ட் இல்லை, போன் இல்லை. அந்த ராத்திரி செம்பரம்பாக்கத்திலிருந்து அதிகபட்சமாக நொடிக்கு 29,000 கனஅடி விட்டதாக அரசு சொன்னது. ஒரு கனஅடி என்பது 28 லிட்டர் சொச்சம். 12,000 லிட்டர் தண்ணீர் லாரிகளை நொடிக்கு 68 என்று கவிழ்ப்பதற்குச் சமம். வழியிலுள்ள ஏரிகள் நிரம்பி வந்த தண்ணீர் தனி. அதன் எதிரே மணல் மூட்டை நிற்காது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எல்லா வருஷமும் 2015 வருவதில்லை. கணுக்கால் தண்ணீர் பல வருஷம் வருகிறது. அந்த வருஷங்களில் வீட்டைக் காப்பாற்ற நம்மால் முடியும்.

இப்போது நான் செய்வது இது. வீட்டுக் கழிவுநீர் சேர்கிற கடைசி சேம்பருக்கும் (சின்னத் தொட்டி) தெரு இணைப்புக்கும் நடுவில் 'நான்-ரிட்டர்ன்' வால்வு ஒன்று போட்டிருக்கிறோம். தண்ணீர் வெளியே போகும்; திரும்பி வந்தால் உள்ளே இருக்கும் தட்டு மூடிக்கொள்ளும். வருஷா வருஷம் புரட்டாசியில் அதைத் திறந்து கழுவ வேண்டும். தலைமுடியும் பிளாஸ்டிக்கும் தட்டில் சிக்கிவிட்டால் மூடாது. போன முறை திறந்தபோது ஷாம்பு பாக்கெட் ஒன்று சரியாக விளிம்பில் ஒட்டியிருந்தது. அந்த ஒரு பாக்கெட் போதும், வால்வு இருந்தும் இல்லாததுதான். வால்வு மூடியிருக்கும்போது நாம் ஊற்றும் தண்ணீரும் வெளியே போகாது, அதையும் மறக்கக் கூடாது. மூடி போட்ட பெயிண்ட் வாளி இரண்டு தனியாக வைத்திருக்கிறேன், அவசரத்துக்கு.

வால்வு போட வசதி இல்லாதவர்கள், கனமான பாலிதீன் பையில் பாதி அளவு மணல் போட்டு முடிந்து, பழைய புடவையில் சுற்றி, கோப்பைக்குள் இறுக்கி இறக்குங்கள். தரை ஓட்டைகளுக்கும் அதே மாதிரி சின்னதாக. மேலே அம்மிக்கல்லைத் தூக்கி வையுங்கள். சொட்டுச் சொட்டாகக் கசியும். துணி போட்டுப் பிழிந்துகொள்ளலாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் வீட்டுக்குள் கசிவோடு போயிற்று.

வாசல் மூட்டையிலும் ஒரு விஷயம். சாக்கை முட்ட முட்ட நிரப்பக் கூடாது. பாதிக்குக் கொஞ்சம் மேல் நிரப்பி, வாயை அடியில் மடித்து, செங்கல் கட்டுகிற மாதிரி மாற்றி மாற்றி அடுக்கிக் காலால் மிதிக்க வேண்டும். அப்போதுதான் மூட்டைக்கும் மூட்டைக்கும் இடையே சந்து இருக்காது. முன்பக்கம் தார்ப்பாயை விரித்து அதன் நுனியை அடி மூட்டைக்குக் கீழே கொடுத்துவிடுங்கள்.

முடிச்சூர், சொந்த வீடு

ஜாபர்கான்பேட்டை அம்மா சொன்னது அத்தனையும் உண்மை. நான் ரிடையர் ஆகி இங்கே வீடு கட்டியவன். 2005, 2015, 2023 மூன்று வெள்ளத்தையும் பார்த்துவிட்டேன்.

எங்கள் பக்கம் புதிதாக வருகிறவர்கள் ஒரு தப்பு செய்கிறார்கள். டிவியில் செம்பரம்பாக்கம் நீர்மட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். "இன்னும் திறக்கல சார், பயமில்ல" என்பார்கள். செம்பரம்பாக்கம் தண்ணீர் திருநீர்மலைப் பக்கம்தான் அடையாற்றில் வந்து சேர்கிறது. அதற்குக் கீழே இருக்கிற மணப்பாக்கம், ஈக்காட்டுத்தாங்கல், சைதாப்பேட்டை, கோட்டூர்புரத்துக்கு அந்தக் கணக்கு சரி. நாங்கள் அதற்கு மேலே இருக்கிறோம். எங்களுக்கு வருவது ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழிகிற தண்ணீர். செம்பரம்பாக்கம் நீர்மட்டத்தைப் பார்த்து அது வருவதைத் தெரிந்துகொள்ள முடியாது. செம்பரம்பாக்கத்தில் ஒரு சொட்டு திறக்காவிட்டாலும் எங்கள் தெருவில் படகு ஓடும்.

கீழே இருப்பவர்களுக்கு அந்த நீர்மட்டக் கணக்கு பெரிய உதவி, அதையும் சொல்லிவிடுகிறேன். ஏரியின் முழுக் கொள்ளளவு மட்டம் 24 அடி. 2020-இல் நிவர் புயலின்போது 22 அடி தொட்டதும் நவம்பர் 25 அன்று திறந்தார்கள், முதலில் 1,000 கனஅடி. ஆகவே 21 அடி தாண்டி மழையும் விடாமல் பெய்தால் சாமான்களை மேலே ஏற்ற ஆரம்பித்துவிடுங்கள்.

நான் நம்புவது என் காம்பவுண்டு சுவரை. 2015-இலும் 2023-இலும் தண்ணீர் நின்ற உயரத்தைப் பெயிண்டில் கோடு போட்டு வைத்திருக்கிறேன். ஈ.பி. மீட்டரை 2015 கோட்டுக்கும் ஒரு முழம் மேலே மாற்றிவிட்டேன். இன்வெர்ட்டர் பேட்டரி மாடிப்படித் திருப்பத்தில். கீழ் அறை பிளக் பாயிண்டுகளுக்குத் தனி ஸ்விட்ச். அதை அணைத்தாலும் மாடியில் கரண்ட் இருக்கும். எலக்ட்ரீஷியன் ஒரு நாளில் பிரித்துக் கொடுத்தார்.

அப்புறம் சிலிண்டர். 2015-இல் எங்கள் வீட்டுச் சிலிண்டர் தண்ணீரில் எழும்பி, டியூபோடு அடுப்பையும் மேடையிலிருந்து இழுத்துப் போட்டது. இருட்டில் உஸ்ஸென்ற சத்தமும் வாடையும். மனைவி தண்ணீரில் கை விட்டுத் துழாவி ரெகுலேட்டரை மூடினாள். இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் கை நடுங்குகிறது. மழை எச்சரிக்கை வந்ததும் ரெகுலேட்டரைக் கழற்றி, சிலிண்டரை ஜன்னல் கம்பியோடு சங்கிலி போட்டுக் கட்டுங்கள். காலி சிலிண்டரையும் விடாதீர்கள், அது இன்னும் சுலபமாக மிதக்கும்.

வேளச்சேரி, அடுக்குமாடி

எங்களுக்கு ஆறு இல்லை, ஏரியும் பள்ளிக்கரணைச் சதுப்பும்தான். மிக்ஜாமில் பார்க்கிங்கில் இருந்த கார்கள் அத்தனையும் மூழ்கின. அதனால் 2024 அக்டோபரில் ரெட் அலர்ட் சொன்னதுமே வேளச்சேரி மேம்பாலத்தில் கொண்டுபோய் நிறுத்தினோம். பாலம் முழுக்க வரிசையாகக் கார். அந்த முறை பயந்த அளவு மழை வரவில்லை. பார்த்தவர்கள் சிரித்தார்கள், சிரிக்கட்டும். இனியும் அலர்ட் வந்தால் அங்கேதான் நிறுத்துவேன்.

ஃபிளாட்காரர்களுக்கு இரண்டே விஷயம். லிஃப்ட்டை மேல் மாடியில் நிறுத்தி மெயினை அணைத்துவிடச் சொல்லுங்கள். கரண்ட் போவதற்கு முன்பே மேல்தொட்டியை நிரப்பிவிடுங்கள். தரைக்கு அடியில் இருக்கும் சம்ப் தொட்டியில் ஒரு முறை சாக்கடை கலந்துவிட்டால், இறைத்துக் கழுவி, பிளீச்சிங் பவுடர் போட்டு, மறுபடி கழுவும் வரை ஒரு குடம்கூட எடுக்க முடியாது. எங்களுக்கு அதற்கு எட்டு நாள் ஆயிற்று.

சைதாப்பேட்டை, ஆற்றோரம்

எல்லாரும் எழுதுவதைப் படித்தேன். எங்கள் வீடு ஒரே அறை, மேலே ஷீட். வால்வு போடக் குழாயும் இல்லை, சாமான் ஏற்ற மாடியும் இல்லை. எங்கள் ஏற்பாடு நேரத்தோடு கிளம்புவதுதான்.

2015-இல் நாங்கள் கிளம்பியது லேட். கடைசிப் பிள்ளை இடுப்பில், பெரியவள் கையில் என் தையல் மெஷினின் தலை மட்டும். அடிப்பாகத்தை விட்டுவிட்டோம். தண்ணீர் வடிந்து வந்து பார்த்தபோது வீடு இருந்த இடத்தில் சேறுதான். பக்கத்து வரிசையில் நிறைய பேர் பெரும்பாக்கத்துக்கு மாற்றப்பட்டுப் போனார்கள். நாங்கள் கொஞ்சம் மேடான இடத்துக்கு வாடகைக்கு வந்தோம், அதே ஆறுதான்.

இப்போது கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு பை தொங்கும். ரேஷன் கார்டு, ஆதார், பிள்ளைகளின் மார்க் ஷீட், மாமியாரின் சர்க்கரை மாத்திரை பதினைந்து நாளுக்கு, தீப்பெட்டி, எல்லாம் இரண்டு பிளாஸ்டிக் கவருக்குள். தீபாவளிக்குத் துணி எடுப்பதற்கு முன்னால் அந்தப் பையைச் சரிபார்ப்பேன். ஆற்றில் ஆகாயத்தாமரை கூட்டம் கூட்டமாக வேகமாக அடித்துக்கொண்டு போனால் மேலே தண்ணீர் ஏறிவிட்டது என்று அர்த்தம். போலீஸ் மைக் வருவதற்குள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கார்ப்பரேஷன் ஸ்கூலுக்குப் போய்விடுவேன். முதலில் போனால் சுவர் ஓரமாக இடம் கிடைக்கும், மாமியார் சாய்ந்துகொள்ளலாம். கர்ப்பிணிகளும் முடியாதவர்களும் இருந்தால் கார்ப்பரேஷனின் 1913 நம்பருக்கு முன்னாடியே போன் போட்டுச் சொல்லிவிடுங்கள்.

மெஷினுக்குத்தான் இன்னும் வழி தெரியவில்லை. தலையைக் கழற்றித் தூக்கிவிடுகிறேன், இரும்பு அடிப்பாகத்தை என்ன செய்வது? மிக்ஜாமில் ஒரு நாள்தான் நனைந்தது, பெடல் துரு பிடித்து இறுகிவிட்டது. தீபாவளி, பொங்கல் தையல்தான் எங்களுக்கு வருஷ வருமானம். மழையும் சரியாக அப்போதுதான்.

ஜாபர்கான்பேட்டை, தரைத்தளம்

சைதாப்பேட்டைத் தங்கச்சிக்கு: எங்கள் மாடி வராந்தாவில் இடம் இருக்கிறது, கிரில் போட்டுப் பூட்டியிருக்கும். கொழுந்தனாரிடம் கேட்டுவிட்டேன், சரி என்றார். மேஜையோடு மெஷினைக் கொண்டு வந்து அங்கேயே உட்கார்ந்து தைக்கலாம், கார்த்திகை முடியும் வரை. என் வீட்டுக்காரர் லோடு ஆட்டோ வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை வால்வு கழுவ பிளம்பர் வருகிறார், அதனால் திங்கள் காலையில் வரச் சொல்லட்டுமா?

முடிச்சூர் சார், உங்கள் எலக்ட்ரீஷியன் கீழ் அறைக்குத் தனி ஸ்விட்ச் பிரித்ததற்கு எவ்வளவு வாங்கினார் என்று சொல்லுங்கள்.