பொலான்ஸ்கியின் அலமாரிக்குள் பொருள் தேட வேண்டுமா?

கடலோரவாசி, ஜார்ஜ்டவுன்

சென்ற சனிக்கிழமை இரவு நண்பர் ஒருவரின் வீட்டு மாடியில் நாங்கள் எட்டுப் பேர் கூடி, ரோமன் பொலான்ஸ்கி போலந்தின் ஊச் நகரத் திரைப்படப் பள்ளியில் மாணவராக இருந்தபோது 1958இல் எடுத்த 'இரு மனிதர்களும் ஓர் அலமாரியும்' என்ற குறும்படத்தைப் பார்த்தோம். படம் ஏறத்தாழக் கால் மணி நேரந்தான் ஓடுகிறது. அதைப் பற்றிய பேச்சோ நள்ளிரவைத் தாண்டிவிட்டது.

பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். கடலிலிருந்து இருவர் நிலைக்கண்ணாடி பதித்த பெரிய அலமாரி ஒன்றைத் தூக்கிக்கொண்டு கரையேறுகிறார்கள். ஊருக்குள் போகிறார்கள். அலமாரியோடு டிராமில் ஏற முடியவில்லை. உணவகத்தில் உட்கார விடவில்லை. தங்கும் விடுதியில் இடம் தரவில்லை. புன்னகையோடு நெருங்கினால் ஒரு பெண்ணும் விலகிப் போகிறாள். போக்கிரிகளிடம் அடி வாங்குகிறார்கள். பீப்பாய்கள் அடுக்கிய முற்றம் ஒன்றில் சற்றே உட்கார்ந்தால் அங்கிருக்கும் காவலாளியும் அடித்துத் துரத்துகிறான். கடைசியில் வந்த கடலுக்கே அலமாரியோடு திரும்பிப் போய் மறைகிறார்கள். படத்தில் ஒரு வசனம்கூட இல்லை.

விளக்குப் போட்டவுடன் எல்லாரும் கேட்ட முதல் கேள்வி, "அலமாரி எதைக் குறிக்கிறது?" என்பதுதான். போர்க்கால நினைவு என்றார் ஒருவர். கலை என்றார் இன்னொருவர். நட்பு என்றார் வேறொருவர். என் வருத்தம் அங்கேதான் தொடங்குகிறது. அவர்கள் அலமாரியை மல்லாத்திப் போட்டுக் கண்ணாடியின்மேல் மீனை வைத்துத் தின்னும் காட்சியை நினைத்துப் பாருங்கள். கண்ணாடியில் வானமும் மேகமும் விழுவதால், மீன் ஆகாயத்தில் நீந்துவதுபோல் நமக்கு ஒரு கணம் தோன்றுகிறது. அந்த ஒரு கணத்துக்காகவே நான் இந்தப் படத்தை நேசிக்கிறேன். அதற்குப் பொருள் சொல்லத் தொடங்கிய உடனே மீன் வெறும் மீனாகிவிடுகிறது. காரண காரியத்துக்குக் கட்டுப்படாத இப்படிப்பட்ட அபத்தப் படத்தை அபத்தமாகவே விட்டுவிடுவதுதான் அதற்கு நாம் செய்யும் மரியாதை என்பது என் உறுதியான கருத்து.

செந்தூல் வாசகர், கோலாலம்பூர்

நண்பரே, நான் நேர்மாறாக நினைக்கிறேன். இந்தப் படத்தில் பொருள் குறைவாக இல்லை. அளவுக்கு மீறி இருக்கிறது, அதுதான் அதன் பலவீனம்.

நீங்கள் கதை சொன்னபோது சில காட்சிகளை விட்டுவிட்டீர்கள். ஒருவன் இன்னொருவனை அணைத்துக்கொண்டே அவன் சட்டைப்பையில் கைவிடுகிறான். போக்கிரிகள் ஒரு பூனைக்குட்டியைக் கல்லால் அடித்துக் கொல்கிறார்கள். ஓடைக்கரையில் ஒருவன் மற்றொருவனைக் கல்லால் அடித்தே கொல்கிறான். அலமாரி தூக்குபவர்களுக்கு எங்கும் இடமில்லாத அதே ஊரில் இவற்றையெல்லாம் யாரும் தட்டிக் கேட்பதில்லை. அலமாரிக்குப் பொருளே இல்லை என்றால் இந்தக் காட்சிகளை இயக்குநர் எதற்காக வைத்தார்? "திருடனையும் கொலைகாரனையும் விட்டுவிட்டு, யாருக்கும் தீங்கு செய்யாதவனைத் துரத்துகிறீர்களே" என்று ஊரைப் பார்த்து விரல் நீட்டத்தான். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோவில் ஆண்டி என்று நம் பாட்டிமார் ஒரே வரியில் சொன்னதை இவர் கால் மணி நேரம் சொல்கிறார்.

படம் வந்த காலத்தையும் பார்க்க வேண்டும். 1956 அக்டோபரில் கம்யூனிஸ்ட் கட்சித் தலைமை மாறிய பிறகு போலந்தில் கெடுபிடி தளர்ந்தது. உழைப்பாளியைப் புன்னகையோடு மட்டுமே காட்ட வேண்டும் என்ற கட்டாயம் கலைஞர்கள்மேல் இருந்து இறங்கியது. வராத ஒருவருக்காக இருவர் காத்திருக்கும் பெக்கெட்டின் 'கோடோவுக்காகக் காத்திருத்தல்' நாடகம் 1957இல் வார்சாவில் மேடையேறியது. இன்னும் ஒன்று. இத்தகைய நாடகங்களுக்கு 'அபத்த நாடகம்' என்ற பெயரை நிலைநாட்டிய விமர்சகர் மார்ட்டின் எஸ்லினின் நூல் 1961இல்தான் வெளிவந்தது. அந்தப் பெயரை இந்தப் படத்தின்மேல் நாம் பின்னால் ஒட்டினோம். அன்றைய போலந்துக்காரன் இதைத் தன் ஊரைப் பற்றிய படமாகத்தான் பார்த்திருப்பான் என்று நான் நம்புகிறேன். அவனிடம் போய் "பொருள் தேடாதே" என்று நாம் சொல்ல முடியுமா?

தாளக்காரன், பிரிக்ஃபீல்ட்ஸ்

இருவரும் இசையை மறந்துவிட்டீர்கள். இது ஊமைப்படம் அன்று; பேச்சில்லாத படம் மட்டுமே. இதற்கு இசையமைத்த கிஷிஸ்டோஃப் கொமேடா தொழிலால் ஒரு மருத்துவர். ஜாஸ் வாசிப்பது உடன் வேலை செய்த மருத்துவர்களுக்குத் தெரியக் கூடாது என்பதற்காகவே கொமேடா என்ற புனைபெயரை வைத்துக்கொண்டவர். ஸ்டாலின் காலத்துப் போலந்தில் ஜாஸ் மறைவாக வாசிக்கப்பட்ட இசை. அது வெளிச்சத்துக்கு வந்த பெரிய நிகழ்ச்சி 1956 கோடையில் சோபோட் என்ற கடற்கரை ஊரில் நடந்த ஜாஸ் விழா. அதில் கொமேடாவின் குழு வாசித்தது. இரண்டே ஆண்டுகளில் அதே சோபோட் கடற்கரையில்தான் இந்த இருவரும் அலமாரியோடு கரையேறுகிறார்கள்.

ஆகவே பொருள் இருக்கிறதா என்ற கேள்வியை இசையிடமும் கேளுங்கள். தொடக்கத்தில் அவர்கள் மணலில் துள்ளியாடும்போது வரும் இலேசான நடையை நினைவில் வைத்துக்கொண்டு, அடிபட்டுத் திரும்பும்போது அந்த இசை எப்படித் தளர்ந்துவிடுகிறது என்று கேட்டால், ஒரு சொல் இல்லாமலேயே நெஞ்சு கனக்கும். பின்னர் 1968இல் வந்த 'ரோஸ்மேரிஸ் பேபி' என்ற ஹாலிவுட் படம் வரை கொமேடா பொலான்ஸ்கியோடு சேர்ந்து பணிபுரிந்தார். அடுத்த ஆண்டே இறந்துபோனார். அந்த நீண்ட உறவு இந்தக் கால் மணி நேரத்தில்தான் தொடங்கியது.

கடலோரவாசி, ஜார்ஜ்டவுன்

இசையைப் பற்றிய திருத்தத்தை நன்றியோடு ஏற்றுக்கொள்கிறேன். செந்தூல் நண்பருக்கு ஒரு பதில். அந்தக் குற்றங்களைப் பார்ப்பது யார்? ஊரார் பார்ப்பதில்லை என்பது சரி. ஆனால் அலமாரி தூக்கும் அந்த இருவருங்கூடப் பார்ப்பதில்லை. அவர்கள் அப்பால் நடந்துகொண்டே இருக்க, கேமராதான் திருட்டையும் கொலையையும் கண்டுகொள்கிறது. இயக்குநர் நீதிக்கதை சொல்ல விரும்பியிருந்தால், அவர்களில் ஒருவனாவது ஓடிப்போய்த் தடுத்திருக்க வேண்டும் அல்லவா?

ஆசிரியை, ஆயர் ஈத்தாம்

சனிக்கிழமை நானும் அந்த மாடியில் இருந்தேன். ஆனால் வாய் திறக்கவில்லை. காரணத்தை இங்கே எழுதுகிறேன்.

கெடாவில் ரப்பர் தோட்டம் ஒன்றில் பிறந்தவள் நான். தோட்டத்தை விற்றபோது எனக்கு ஒன்பது வயது. தொழிலாளர்கள் குடியிருந்த லயத்தைக் காலி செய்யச் சொன்னார்கள். நாங்கள் பினாங்கில் ஓர் அடுக்குமாடி வீட்டுக்குக் குடிவந்தோம். அம்மா இரண்டு வருடம் கூட்டுச் சீட்டு கட்டி வாங்கிய, கதவில் ஆளுயரக் கண்ணாடி வைத்த அலமாரி ஒன்று எங்களிடம் இருந்தது. அது மின்தூக்கிக்குள் நுழையவில்லை. அப்பாவும் சித்தப்பாவும் ஏழு மாடிக்கும் படி வழியாகவே தூக்கினார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் இறக்கி வைக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் யாராவது கதவைத் திறந்து வழியை அடைப்பதாகக் கடிந்துகொண்டார்கள். ஊரில் அந்தக் காலத்தில் தலைச்சுமையோடு நடப்பவர்களுக்காகச் சாலையோரத்தில் சுமைதாங்கிக் கல் நட்டிருப்பார்கள் என்று பாட்டி சொன்னது எனக்கு அந்தப் படிக்கட்டில்தான் நினைவுக்கு வந்தது.

எனக்குக் கண்ணீரை வரவழைத்தது வேறொன்று. தூக்குவதற்கு முன்பு அம்மா தம் பாத்தேக் கைலி இரண்டை எடுத்துக் கண்ணாடியைச் சுற்றிக் கட்டினார். வீடு மாற்றுகிறவர்கள் யாராக இருந்தாலும் கண்ணாடியை மூடித்தான் தூக்குவார்கள். படத்தில் அவர்கள் மூடுவதில்லை! திறந்த கண்ணாடியோடு ஊர் முழுக்க நடக்கிறார்கள். அதனால்தான் போக்கிரிகள் பின்னால் பதுங்கி வருவதை அந்தப் பெண் கண்ணாடியில் பார்த்துத் தப்பிக்கிறாள். அதற்காகத்தான் இவர்களுக்கு அடி விழுகிறது. ஊரில் வேறு எதுவும் காட்டாததை இந்த அலமாரி காட்டுகிறது. இதைக் குறியீடு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் பொருளில்லை என்றும் என்னால் சொல்ல முடியாது.

செந்தூல் வாசகர், கோலாலம்பூர்

அக்கா, உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். கண்ணாடியை மூடாமல் தூக்குவது பற்றி நான் ஒருபோதும் யோசித்ததில்லை; அதை அப்படியே ஏற்றுக்கொள்கிறேன்.

ஆனாலும் ஒரு வேறுபாட்டைச் சொல்லியாக வேண்டும். உங்கள் தந்தையாருக்கு ஏழாவது மாடியில் ஒரு கதவு இருந்தது. அவர் எங்கிருந்து வந்தார், எதனால் வந்தார் என்பது எல்லாருக்கும் தெரியும். அந்த இருவருக்கு எதுவும் இல்லை. படத்தில் இல்லாத கதையை நம் கதையால் நாம் நிரப்பிக்கொள்ளும்போது, படம் நன்றாக இருக்கிறதா, நம் நினைவு நன்றாக இருக்கிறதா என்று பிரித்தறிய முடியாமல் போகிறது. அவர்களுக்குப் பெயரும் ஊரும் தராமல் விட்டதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. கடைசியில் அவர்களைக் கடலுக்குள் அனுப்பிவிட்டால் கதை முடிந்துவிடுகிறது. வாழ்க்கையில் விரட்டப்பட்டவர்களுக்குத் திரும்பிப் போக அப்படி ஒரு கடல் கிடையாது.

பங்சார் வாசகி, கோலாலம்பூர்

இத்தனை பேசியும் ஒருவரும் தொடாத ஒன்றை நான் கேட்கிறேன். பதின்மூன்று வயதுச் சிறுமியுடன் சட்டவிரோத உடலுறவு கொண்டதாக 1977இல் அமெரிக்க நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு, தண்டனை அறிவிக்கப்படும் முன்பே 1978இல் நாட்டை விட்டு வெளியேறியவர் இந்த இயக்குநர். இந்தப் படத்தில் அந்தப் போக்கிரிக் கூட்டத்தில் ஒருவராக நடித்திருப்பவரும் அவரே. ஒரு பெண்ணைப் பின்தொடரும் அந்தக் காட்சியை அவர் முகத்தோடு என்னால் இனிப் பார்க்க முடியவில்லை. திரையிட வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். பார்ப்பவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுத் திரையிடுங்கள்.

ஆசிரியை, ஆயர் ஈத்தாம்

தங்கை சொல்வது முற்றிலும் சரி. அடுத்த முறை நானே அதைச் சொல்லித் தொடங்குகிறேன். படத்தை எடுத்தபோது நடந்திராத குற்றத்தைப் படத்துக்குள் வைத்துப் படிக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் தெரிந்த பிறகு தெரியாததுபோல் உட்கார்ந்திருப்பதும் நியாயமாகாது.

கடலோரவாசி, ஜார்ஜ்டவுன்

கடல் முடிவை 'சௌகரியம்' என்று செந்தூல் நண்பர் சொன்னதை நான் ஏற்கவில்லை. கடலுக்குப் போகும் வழியில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஒரு சிறுவன் கடற்கரை முழுவதும் வாளியால் மணல் அப்பங்களைக் கவிழ்த்து வைத்திருக்கிறான். அடிபட்டு, ஊர் முழுக்கத் துரத்தப்பட்டு வந்த இருவரும், ஓர் அப்பத்தைக்கூட மிதிக்காமல், அத்தனை பெரிய அலமாரியோடு அவற்றுக்கு நடுவே கால் பார்த்து நடக்கிறார்கள். ஊர் அவர்களுக்குக் காட்டாத கவனத்தை அவர்கள் ஒரு குழந்தையின் விளையாட்டுக்குக் காட்டுகிறார்கள். இதைவிட மென்மையான இறுதிக் காட்சியை நான் அதிகம் பார்த்ததில்லை.

செந்தூல் வாசகர், கோலாலம்பூர்

பார்த்தீர்களா, இப்போது நீங்களே பொருள் சொல்லிவிட்டீர்கள்! ஆனால் அந்தக் காட்சியை நான் அவ்வளவு மென்மையாகப் பார்க்கவில்லை. அத்தனை அப்பங்களும் ஒரே வாளியில் வார்த்தவை. ஒரே உயரம், ஒரே வடிவம். நகரத்தார் எப்படி எல்லாரும் ஒன்றுபோல் இருக்கிறார்களோ, அதைக் குழந்தை இப்போதே கற்றுக்கொண்டு செய்துகொண்டிருக்கிறான் என்றுதான் எனக்குப் படுகிறது. அவர்களுக்கு அங்கேயும் கால் வைக்க இடமில்லை.

ஆசிரியை, ஆயர் ஈத்தாம்

நேற்று மாலை மடிக்கணினியில் இந்தப் படத்தை அப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன். எண்பதைத் தாண்டியவர், முட்டி வலியால் வீட்டை விட்டு அதிகம் இறங்குவதில்லை. போலந்து, அபத்தம் என்று நான் எதையும் சொல்லவில்லை. பூனைக்குட்டிக் காட்சியில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மற்றபடி பேசாமல் பார்த்தார். மணல் அப்பங்கள் வந்தபோது நிறுத்தச் சொல்லி, அவர்கள் கால்களையே உற்றுப் பார்த்துவிட்டு, "உள்ள ஒண்ணும் இல்லம்மா, வெறும் பொட்டிதான்" என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டேன். துணிமணி இருந்தால் நடக்க நடக்கச் சுமை ஒரு பக்கம் சாயும், ஆள் அந்தப் பக்கம் தோளை இறக்குவான், இவர்கள் அப்படி இறக்கவில்லை என்றார். பிறகு, இவ்வளவு தூரம் வெறும் பெட்டியைச் சுமந்து வந்திருக்கிறார்களே என்று அவர்களுக்காக வருந்தினார்.

நடிப்பவர்கள் வெற்று அலமாரியைத் தூக்குவது இயல்புதான் என்று நீங்கள் சொல்லலாம். ஆனால் அப்பாவின் கண்ணுக்குப் படத்தில் அது வெறும் அலமாரிதான்.

செந்தூல் வாசகர், கோலாலம்பூர்

அக்கா, உங்கள் தந்தையாருக்கு என் வணக்கத்தைத் தெரிவியுங்கள். அலமாரிக்குள் கடந்த காலம், போர், சுமக்கும் பாவம் என்று எதுவும் இல்லையென்றால், இந்தப் படத்தில் பொருள் மிகுதி என்ற என் குற்றச்சாட்டில் பாதியை நான் திரும்பப் பெற வேண்டும். ஊர் அவர்களை அடித்தது உள்ளே இருந்த எதற்காகவும் அன்று என்றாகிறது. ஓடைக்கரைக் கொலையைப் பற்றிய என் மறுப்பு மட்டும் அப்படியே நிற்கிறது. அடுத்த மாதம் பினாங்கு வரும்போது அந்தக் காட்சியை நிறுத்தி நிறுத்தி உங்கள் எல்லாரோடும் சேர்ந்து பார்க்க விரும்புகிறேன். முடிந்தால் ஐயாவும் எங்களோடு உட்காரட்டும். மாடி ஏற முடியாது என்றால் உங்கள் வீட்டிலேயே கூடுவோம்.