முதல் கரண்டி யாருக்கு? பொங்கலும் விசுவாசிகளும்

ஒடுக்கமான வாசல்:
தை நெருங்கிவிட்டது, அந்தச் செய்தியும் வாட்ஸ்அப்பில் சுற்றத் தொடங்கிவிட்டது. "பொங்கல் மதம் சாராத தமிழர் திருநாள், அரசு விடுமுறை, அறுவடை விழா. கிறிஸ்தவர்கள் தாராளமாகக் கொண்டாடலாம். தயங்குகிறவர்கள் தமிழர்களே அல்ல" என்று. எழுதினவர் பொங்கல் வைக்கிற முற்றத்தில் ஒரு நாளாவது நின்று பார்த்தாரா? நடப்பதை வரிசையாகச் சொல்கிறேன். விடியுமுன் வாசல் தெளித்துக் கோலம். கோலத்தின் மேல் அடுப்பு. பக்கத்தில் குத்துவிளக்கு, நெல் நிரப்பிய நிறைநாழிப் படி, மஞ்சளிலோ சாணத்திலோ பிடித்த பிள்ளையார், அதன் தலையில் அறுகம்புல். பால் பொங்கினதும் குலவை. வெந்ததும் பானையை இறக்கி, முதல் கரண்டி தலைவாழை இலையில் சூரியனுக்கு. தேங்காய் உடைத்து, சூடம் காட்டி, இலையைச் சுற்றி நீர் விளாவி, விழுந்து கும்பிட்டு, அதற்குப் பிறகுதான் வீட்டார் சாப்பாட்டில் கை வைப்பார்கள். இதில் அரசு விடுமுறை எங்கே இருக்கிறது, அறுவடை எங்கே இருக்கிறது? ஒரே கேள்விதான் கேட்கிறேன். முதல் கரண்டி யாருக்கு?

கரிசல்காடு:
உழைச்சவனுக்கு. அவ்வளவுதான். நெல்லு, கரும்பு, மஞ்சள், மாடு இதெல்லாம் எந்த மதம்? தாசில்தார் ஆபீஸ்ல, கல்லூரியில எல்லாம் சமத்துவப் பொங்கல் வைக்கிறாங்க, அங்க எந்தப் பிள்ளையார் இருக்கு? ரேஷன் கடையில பொங்கல் பரிசுன்னு பச்சரிசி, சர்க்கரை, கரும்பு வாங்க மட்டும் வரிசையில நிப்பீங்க. அப்போ மனசாட்சி உறுத்தாதா?

ஒடுக்கமான வாசல்:
அரிசி வாங்குவதற்கு அப்போஸ்தலன் பவுல் அனுமதி தந்திருக்கிறார். 1 கொரிந்தியர் 10:25, கடையில் விற்கப்படுகிற எதையும் விசாரியாமல் வாங்கிப் புசியுங்கள் என்று. மூன்று வசனம் தள்ளி 28-ஐயும் படியுங்கள். இது விக்கிரகங்களுக்குப் படைக்கப்பட்டது என்று ஒருவன் சொன்னால் புசியாதிருங்கள். ரேஷன் அரிசி யாருக்கும் படைத்ததல்ல. இலையில் வைத்தது படைத்தது. அலுவலகப் பொங்கலில் பிள்ளையார் இல்லை என்கிறீர்கள், சரி. சூடம்? விளக்கு? முதல் கரண்டி? பதில் சொல்லுங்கள்.

பனைவிடலி:
அண்ணாச்சி, எங்க திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) சபைகளில் இந்தப் பிரச்சினையே கிடையாது. அறுப்பின் பண்டிகை என்று தனியாக இருக்கு. பூசணி, வாழைத்தார், சேவல், முட்டை, பனங்கிழங்கு, விளைஞ்சது எதுவானாலும் ஆலயத்துக்கு வரும், ஐயர் (சபைப் போதகர்) ஜெபம் பண்ணுவார், அப்புறம் ஏலம். ஒரு பூசணிக்காய் சந்தை விலையைவிடப் பல மடங்குக்குப் போகும், அந்தப் பணம் சேகரத்துக்கு, அதாவது சபை வட்டாரத்துக்கு. எல்லாரும் கூடிச் சாப்பிடுற அசனம் உண்டு. சூரியனும் கிடையாது, சூடமும் கிடையாது. லேவியராகமம் 23:10-14 படிங்க. அறுப்பின் முதற்பலனாகிய கதிர்க்கட்டைக் கர்த்தருக்குக் கொண்டுவரும் நாள்வரை அப்பமும் சாப்பிடக்கூடாது, சுட்ட கதிரும் சாப்பிடக்கூடாது. முதல் கரண்டி வேதத்திலேயே இருக்கு. யாருக்கு வைக்கணும் என்பதுதான் கேள்வி, வைக்கலாமா என்பது இல்லை.

ஒடுக்கமான வாசல்:
நான் கேட்டதும் அதுதான், யாருக்கு என்று. நன்றி. ஆனால் ஆலயத்துக்குள் சேவலை ஏலம் விடுகிறவர்கள் முற்றத்துப் படையலைப் பற்றி எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம். யோவான் 2:16, என் பிதாவின் வீட்டை வியாபார வீடாக்காதிருங்கள்.

பனைவிடலி:
ஏலம் நடக்கிறது ஆலயத்துக்குள்ள இல்லை, வெளி முற்றத்துல. தெரியாம பேசாதீங்க.

மெழுகுவர்த்தி:
கத்தோலிக்கப் பங்குகளில் எப்படிச் செய்கிறார்கள் என்று தெரியாமல் இங்கே எல்லாரும் பேசுகிறீர்கள். 200 பேருக்குப் பொங்கல் வைத்தால் 10 கிலோ பச்சரிசி, இரண்டரைக் கிலோ பாசிப்பருப்பு, 15 கிலோ வெல்லம், இரண்டு கிலோ நெய். வெல்லத்தைத் தனியே கரைத்து வடிகட்டி, அரிசி குழைந்த பிறகே ஊற்ற வேண்டும். முந்தினால் அரிசி விறைத்துக்கொள்ளும், எவ்வளவு நேரம் எரித்தாலும் வேகாது. கொதிக்கிற பாலில் நேரே போட்டால் பால் திரிந்துவிடும். இவ்வளவையும் அண்டாவில் வைப்பதால் பொங்கி வழியாது, வாய் அகலம், நுரை நிற்காது. அதனால் முன்னால் ஒரு சின்ன மண்பானை. முந்தின நாளே அதைத் தண்ணீரில் ஊறப்போட வேண்டும், இல்லையென்றால் தீ பட்டதும் விரிசல் விடும். பானைக்கு முன் சிலுவை. பங்குத்தந்தை மந்திரித்து (ஆசீர்வதித்து), முதல் கரண்டி பீடத்தின் முன். அது அன்றைக்கே ஏழை வீட்டுக்குப் போகும். போதுமா?

ஒடுக்கமான வாசல்:
சகோதரி, உங்கள் வாயாலேயே வந்துவிட்டது. சாப்பாடு அண்டாவில். அப்படியானால் அந்தச் சின்னப் பானை எதற்கு? பசிக்கு இல்லை. பொங்கி வழிவதைப் பார்ப்பதற்கு. கிழக்கே வழிந்தால் நல்லது, தெற்கே வழிந்தால் ஆகாது என்று பார்க்கிறார்களே, அந்தக் குறிக்கு. சமையல் என்றால் அண்டா போதும், சடங்கு என்றால்தான் பானை வேண்டும். முதல் கரண்டி எந்தப் பானையிலிருந்து எடுக்கப்படுகிறது? அண்டாவிலிருந்தா?

மெழுகுவர்த்தி:
திருவிருந்தில் ஒரு விரலளவு அப்பம் கொடுக்கிறீர்களே, அது பசிக்கா? அடையாளம் என்றால் என்னவென்று தெரியாதவரிடம் என்ன பேசுவது. வழியும் திசை பார்ப்பது எந்தப் பங்கிலும் கிடையாது. 1606-இல் மதுரைக்கு வந்த இத்தாலிய இயேசு சபைக் குரு நொபிலி அடிகளாரே புதுக் கிறிஸ்தவர்களைச் சிலுவையின் அடியில் பொங்க வைக்கச் சொன்னவர். 400 வருடத்துப் பழக்கம். நேற்று கொட்டகை போட்ட சபைகளுக்கு இது புரியாது.

ஒடுக்கமான வாசல்:
நொபிலியைச் சொன்னவர் அதன் பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். 1704-இல் புதுச்சேரியில் துர்நோன் என்ற போப்பின் தூதர் மலபார் சடங்குகளுக்கு, அதாவது நொபிலி வழியினர் கிறிஸ்தவர்களுக்கு அனுமதித்த உள்ளூர்ப் பழக்கங்களுக்கு, தடை போட்டார். 1744-இல் போப் 14-ஆம் பெனடிக்ட் அதை ஆணையாகவே உறுதி செய்தார். அதற்கும் முன்னே, 5-ஆம் நூற்றாண்டில், உங்கள் போப் பெரிய லியோ ஒரு கிறிஸ்துமஸ் பிரசங்கத்தில் யாரைக் கண்டித்தார் தெரியுமா? ரோமில் பேதுரு ஆலயத்தின் படியேறி, உள்ளே போகுமுன் திரும்பி நின்று, உதிக்கிற சூரியனுக்குத் தலை குனிந்த கிறிஸ்தவர்களை. அவர்களில் சிலர் சூரியனைப் படைத்தவரைத்தான் வணங்கியிருக்கலாம் என்று லியோவே ஒத்துக்கொண்டார், ஆனாலும் கண்டித்தார். எசேக்கியேல் 8:16-இல் ஏறக்குறைய 25 பேர் ஆலயத்துக்கு முதுகைக் காட்டிக் கிழக்கே சூரியனை நமஸ்கரித்ததும் அதே கதை. எரேமியா 7:18-ஐ எடுத்துப் பாருங்கள். பிள்ளைகள் விறகு பொறுக்குகிறார்கள், தகப்பன்மார் நெருப்பு மூட்டுகிறார்கள், பெண்கள் மாப்பிசைகிறார்கள், எல்லாம் வானராக்கினி என்ற அந்நிய தேவிக்குப் பணியாரம் சுட. குடும்பமே கூடிச் செய்கிற வேலை, பார்க்க அழகாகத்தான் இருக்கும். நான் கேட்பது ஒன்றே. அந்தப் பணியாரம் யாருக்கு?

மெழுகுவர்த்தி:
1744-ஐச் சொன்னவர் 1623-ஐ விழுங்கிவிட்டார். பூணூல், சந்தனம், குடுமி எல்லாம் இருக்கலாம் என்று போப் 15-ஆம் கிரகோரி அந்த ஆண்டில்தான் அனுமதித்தார். 1963-இல் உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம், வழிபாட்டு முறைகள் பற்றிய தன் திருவழிபாட்டு ஏட்டில் மக்களின் மரபுகளுக்கு வாசலைத் திறந்தே விட்டது. பாதி வரலாறு படித்துவிட்டு முழுத் தீர்ப்பு சொல்லாதீர்கள்.

யாழ்முற்றம்:
கரண்டி, கரண்டி எண்டு நிக்கிறியள். எங்கட யாழ்ப்பாணத்தில விஷயமே வேற. முற்றத்தில அரிசிமாவால சதுரமாக் கோலம் போட்டு, நடுவில மூண்டு கல்லு வைச்சு, பால் பொங்கி வழிஞ்சதும் சீனவெடி. பிறகு வீட்டுத் தலைவர் இரண்டு கையாலயும் அரிசியை அள்ளி, சூரியனைப் பாத்து, பானையைச் சுத்தி மூண்டு தரம் போடுவார். படைக்கிறது அதிலயே தொடங்கியிட்டுது. கரண்டி கடைசியா வாறது. தேங்காய்ப்பால், வறுத்த பயறு, கஜு (முந்திரி), பிளம்ஸ் (உலர்திராட்சை) போட்டுப் பொங்கிச் சாப்பிடுறதில பிழை இல்லை, அந்த மூண்டு பிடி அரிசியை யாரை நினைச்சுப் போடுறியள் எண்டதுதான் கேள்வி.

ஒடுக்கமான வாசல்:
அதையேதான் நானும் சொல்கிறேன், நீங்கள் மூன்று பிடி என்கிறீர்கள், நான் முதல் கரண்டி என்கிறேன்.

யாழ்முற்றம்:
ஒண்டில்லை. பிடி வேற, கரண்டி வேற. பிடி அரிசி வேக முதல், கரண்டி வெந்த பிறகு.

பனைவிடலி:
எங்க பக்கம் முதலில் அரிசியே கிடையாது. அரிசி களைந்த இரண்டாம் தண்ணியைப் பானைக் கழுத்து மட்டும் ஊத்தி, காவியும் சுண்ணாம்பும் அடிச்ச பொங்கக்கட்டி (அடுப்புக் கட்டி) மேல ஏத்தி, காய்ஞ்ச பனையோலையை எரிப்பாங்க. ஓலை சடசடன்னு பிடிக்கும், களைந்த தண்ணியில இருக்கிற மாவு நுரையைப் பிடிச்சு நிறுத்தும், அதனாலதான் அவ்வளவு அழகாப் பொங்கும். பொங்கின பிறகு கொஞ்சம் முகந்துட்டுத்தான் அரிசி போடறது. இதுல திசை, சகுனம் எல்லாம் பார்க்கிறவன் பார்க்கிறான். தீ எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பக்கம் வழியும், அவ்வளவுதான் அண்ணாச்சி.

கரிசல்காடு:
எல்லாரும் சூரியன் சூரியன்னு பயப்படுறீங்க. ஞாயிற்றுக்கிழமைதானே சபைக்குப் போறீங்க? ஞாயிறுன்னா என்ன? டிசம்பர் 31 ராத்திரி 12 மணிக்கு முழங்கால்ல நின்னு வேத வசனம் எழுதின வாக்குத்தத்த அட்டை எடுக்குறீங்களே, ஜனவரிங்கிறது ஜானுஸ்ங்கிற ரோமச் சாமி பேரு. ரோமாபுரிச் சாமின்னா பரவாயில்ல, தமிழன் சூரியன்னா மட்டும் பிசாசா?

ஒடுக்கமான வாசல்:
கண்டிப்பான சபைகளில் அது "கர்த்தருடைய நாள்" என்றே அழைக்கப்படுகிறது. டிசம்பர் 25-ஐயே ஆசரிக்காத சபைகள் தமிழ்நாட்டில் உண்டு, அதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஜானுஸுக்கு யாரும் இன்றைக்கு இலை போடுவதில்லை. பெயரில் தேவன் இருப்பதும், தேவனுக்குப் படைப்பதும் ஒன்றல்ல. ஜனவரி 1-இல் முதல் கரண்டி இல்லை.

கரிசல்காடு:
உங்க சூரியன் கணக்கே தப்பு. சூரியன் வடக்கே திரும்புற உத்தராயணம் வானத்துல டிசம்பர் 21, 22-லயே ஆரம்பிச்சாச்சு. பொங்கல் வர்றது 24 நாள் கழிச்சு. சுமார் 72 வருஷத்துக்கு ஒரு நாள் தள்ளிக்கிட்டே போகுது. விவேகானந்தர் பிறந்தது 1863 ஜனவரி 12, அன்னிக்குத்தான் மகர சங்கராந்தி. சூரியன் திரும்புற நாளே அது இல்லைன்னா சூரிய வழிபாடு எங்க இருந்து வந்துச்சு?

மெழுகுவர்த்தி:
நாள் தள்ளிப்போனால் வழிபாடு இல்லாமல் போய்விடுமா? ஈஸ்டர் ஒவ்வொரு வருடமும் தேதி மாறுகிறது, உயிர்ப்பு இல்லையென்று ஆகிவிடுமா? இது எந்த ஊர்த் தர்க்கம்?

கரிசல்காடு:
நான் உங்க பக்கம் பேசுறேன், என்கிட்டயே பாயுறீங்களே.

பனைவிடலி:
ஒடுக்கமான வாசல் அண்ணாச்சியிடம் ஒண்ணு கேக்கணும். அரசு விழாவில் தமிழ்த்தாய் வாழ்த்துக்கு எழுந்து நிற்பீங்களா? 55 நொடி, மாற்றுத்திறனாளிகள் தவிர எல்லாரும் நிற்கணும்னு 2021 டிசம்பரில் அரசாணை வந்தாச்சு. அதில் தமிழை "அணங்கே" என்று கூப்பிடுகிறார்கள். அணங்குன்னா தெய்வப்பெண். அங்க முதல் கரண்டி இல்லையே, அப்போ நிற்கலாமோ?

ஒடுக்கமான வாசல்:
நிற்பேன், பாட மாட்டேன். இது நான் கண்டுபிடித்த வழி அல்ல. 1985-இல் கேரளத்தில், கோட்டயம் மாவட்டத்தில், யெகோவா சாட்சிகள் என்ற பிரிவைச் சேர்ந்த குடும்பத்துப் பிள்ளைகள் மூன்று பேர் தேசிய கீதத்துக்கு மரியாதையாக எழுந்து நின்றார்கள், வாய் திறந்து பாடவில்லை. பள்ளி வெளியேற்றியது. உயர் நீதிமன்றமும் கைவிட்டது. 1986 ஆகஸ்ட் 11-இல் உச்ச நீதிமன்றம் அந்தப் பிள்ளைகளைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. பாடித்தான் ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை, எழுந்து நின்றதே மரியாதை என்று நீதிபதி சின்னப்ப ரெட்டி எழுதினார். அவர்களுடைய உபதேசத்தை நான் ஏற்கிறவனல்ல. ஆனால் மனசாட்சிக்கும் மரியாதைக்கும் நடுவே எங்கே கோடு போடுவது என்று அந்தப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்தது. ஆகஸ்ட் 15-இல் கொடிக்கு நிற்பேன், ரோமர் 13 அதிகாரத்துக்குக் கீழ்ப்படியச் சொல்கிறது. கொடிக்கம்பத்தின் அடியில் தேங்காய் உடைத்தால் நகர்ந்துவிடுவேன்.

மெழுகுவர்த்தி:
ஆகஸ்ட் 15 எங்களுக்கு மாதா விண்ணேற்பு நாள். காலையில் திருப்பலி, முடிந்ததும் கோயில் வளாகத்திலேயே கொடி. இரண்டும் ஒரே முற்றத்தில் நடக்கிறது, யாருக்கும் வலிக்கவில்லை. நீங்கள் மட்டும் நிற்கலாமா, நகரலாமா என்று அளந்துகொண்டே இருங்கள்.

ஒடுக்கமான வாசல்:
அளக்கத்தான் சொல்லியிருக்கிறது. ரோமர் 14:5, அவனவன் தன் மனதிலே முழு நிச்சயத்தோடிருக்கக்கடவன்.

பனைவிடலி:
அதே ரோமர் 14-இல் மூணாம் வசனத்தை ஏன் விட்டீங்க? புசிக்கிறவன் புசியாதவனை அற்பமாய் எண்ணாதிருப்பானாக, புசியாதவனும் புசிக்கிறவனைக் குற்றவாளியாகத் தீர்க்காதிருப்பானாக. நீங்க முதல் பதிவிலிருந்து தீர்ப்புத்தான் சொல்லிட்டு இருக்கீங்க.

ஒடுக்கமான வாசல்:
நான் தீர்க்கவில்லை. கேள்விதான் கேட்டேன். இத்தனை பதிவு ஓடியும் அந்தச் செய்தியை நியாயப்படுத்த வந்த ஒருவர்கூட, சூரியனுக்கு வைக்கிற முதல் கரண்டி எப்படி மதம் சாராதது என்று சொல்லவில்லை.

கரிசல்காடு:
உழைச்சவனுக்குன்னு முதல் பதில்லயே சொன்னேன்.

ஒடுக்கமான வாசல்:
உழைத்தவனுக்கு யாரும் சூடம் காட்டுவதில்லை.

மெழுகுவர்த்தி:
பீடத்தின் முன் என்று நானும் சொன்னேன். எடுத்துக்கொள்ள மனம் இல்லையென்றால் பதிலே வரவில்லை என்று சொல்லாதீர்கள்.

பனைவிடலி:
ஏலம் ஆலயத்துக்குள்ள நடக்குதுன்னு சொன்னதை அண்ணாச்சி இன்னும் திருத்தலை. அதையும் குறிச்சு வச்சிருக்கேன்.

யாழ்முற்றம்:
மூண்டு பிடி அரிசியைப் பற்றி நான் கேட்டதுக்கு ஒருத்தரும் வாய் திறக்கேல்லை.