பழைய டாட் மேட்ரிக்ஸில் பெரிய எழுத்து: எஸ்கேப் கோட் போதுமா, பேப்ஸ் வேண்டுமா?

கீர்த்தி_79: அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் இரண்டு மாதம் கழித்துத்தான். அதுவரைக்கும் மாத்திரைப் பட்டியலைப் பெரிய எழுத்தில் அச்சடித்து ஃப்ரிட்ஜில் ஒட்ட வேண்டும். வீட்டில் இருப்பது எப்சன் எல்எக்ஸ்-300 பிளஸ், 9 பின் (ஒன்பது ஊசி ரிப்பனில் தட்டிப் புள்ளி புள்ளியாக அடிக்கும் டாட் மேட்ரிக்ஸ் பிரின்டர்). கம்ப்யூட்டரில் லினக்ஸ், டெர்மினல் (கட்டளையைத் தட்டச்சு செய்யும் திரை) மட்டும். என்ன வழி?

ரிப்பன்காரன்: அதற்கு எதுவும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம். எஸ்கேப் கோட், அதாவது பிரின்டருக்கு நேரடியாக அனுப்பும் கட்டளைக் குறி, போதும். எஸ்கேப்புக்குப் பின் பெரிய டபிள்யூவும் 1-ம் அனுப்பினால் எழுத்தின் அகலம் இரட்டிப்பாகும், சின்ன டபிள்யூவும் 1-ம் அனுப்பினால் உயரம். பிரின்ட்எஃப் கட்டளையில் எழுதி, அச்சுக்கு அனுப்பும் எல்பி கட்டளைக்கு ரா ஆப்ஷன் (எதையும் மாற்றாமல் அப்படியே அனுப்பு என்பது) கொடுங்கள், இல்லையென்றால் நடுவில் இருக்கும் கப்ஸ் (லினக்ஸின் அச்சு அமைப்பு) ஃபில்டர் அந்தக் குறியைக் கெடுத்துவிடும். பக்கத்தின் முதல் வரியில் இரட்டை உயரம் வராது, அதனால் ஒரு வெற்று வரி விட்டுத் தொடங்குங்கள்.

பாண்டி_டெர்மினல்: அண்ணே, கடை பில்லுக்கு அது சரி. ஆனால் அம்மா படிக்க வேண்டியது 'காலை', 'இரவு' என்று தமிழில் இல்லையா? பிரின்டருக்குள் இருக்கும் எழுத்துகளில் தமிழ் கிடையாது, ரா-வில் அனுப்பினால் குப்பைதான் வரும். எழுத்தை நாம் சொல்லும் ஃபான்டில் அச்சுப் பக்கமாக மாற்றும் பேப்ஸ் என்ற நிரலில் நோட்டோ சான்ஸ் தமிழ் 36 என்று ஃபான்ட் கொடுத்து, அது தருவதை எல்பிக்குப் பைப் செய்யுங்கள் (நேராக அனுப்புங்கள்). கப்ஸில் 9 பின் எப்சன் டிரைவர் இருக்கிறது, அது பக்கத்தைப் புள்ளிப் படமாக மாற்றி பிரின்டருக்கு அனுப்பும்.

ரிப்பன்காரன்: தமிழ் விஷயத்தை நான் யோசிக்கவில்லை, அது என் தவறு. ஆனாலும் 9 பின்னில் படமாக அடித்தால் நேரம் எடுக்கும், பேப்பர் கொஞ்சம் நழுவினாலும் எழுத்துக்கு நடுவே வெள்ளைக் கோடு விழும். அந்தக் கோடு மங்கிய கண்ணுக்குப் பெரிய இடைஞ்சல். 'காலை', 'இரவு' என்பதைக் கையால் ஸ்கெட்ச் பேனாவில் எழுதிவிட்டு, மருந்துப் பெயரை மட்டும் அடிக்கலாமே?

பாண்டி_டெர்மினல்: மருந்து மாறும்போதெல்லாம் கையால் எழுதுவதா? வேகம் இதில் முக்கியமே இல்லை, ஒரு பக்கம்தானே. இன்னொன்றும் பாருங்கள்: எஸ்கேப் கோட் எழுத்தை இழுத்துப் பெரிதாக்குகிறது, புள்ளி கூடுவதில்லை, அதனால் ஓரம் படிக்கட்டாகத் தெரியும். டிரைவர் செங்குத்தாக அங்குலத்துக்கு 72 புள்ளி அடிப்பதால் 36 பாயின்டுக்கு 36 புள்ளி உயரம் கிடைக்கும், 'ஞ', 'இ' எல்லாம் தெளிவாக வரும். 12 பாயின்டில் 12 புள்ளிதான், அதில் தமிழ் படிக்க முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ரிப்பன்காரன்: சரி, பெரிய எழுத்துக்குத்தான் அது ஒத்துவரும் என்றால் நான் மறுக்கவில்லை. ஆனால் எதில் அடித்தாலும் ரிப்பன் புதிதாக இருக்கட்டும். பழைய ரிப்பனில் சாம்பல் நிறத்தில் வருவதைக் கண்புரை உள்ளவர்கள் படிப்பது கஷ்டம், பெரிதாக இருந்தாலும்.

கீர்த்தி_79: ரிப்பன் மாற்றி இரண்டையும் அடித்துப் பார்த்தேன். 36 பாயின்ட் தமிழை அம்மா கண்ணாடி போடாமலே அடுப்படியில் நின்று வாசித்தார். வெள்ளைக் கோடு இரண்டு இடத்தில் விழுந்தது, டிராக்டர் ஃபீடில் பேப்பரைச் சரியாகப் பொருத்தியதும் போய்விட்டது. ஒரே பக்கத்தில் நாலு மருந்துதான் அடங்குகிறது, மற்றதை இரண்டாம் பக்கத்தில் போடுகிறேன்.