போலோ ஜிடி டிஎஸ்ஐ: 40 மி.மீ. தாழ்த்துவதா, சஸ்பென்ஷனை மட்டும் மாற்றுவதா?

மலைச்சாலை_கோவை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். 2016-இல் வாங்கிய ஃபோக்ஸ்வேகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ காரைக் கோவையில் ஓட்டி வருகிறேன். இதுவரை 82,000 கி.மீ. ஓடியிருக்கிறது. 1.2 லிட்டர் டர்போ இன்ஜினும் ஏழு கியர் டிஎஸ்ஜி தானியங்கிப் பெட்டியும் இன்றுவரை என்னைக் கைவிட்டதில்லை. மனத்தாங்கல் எல்லாம் சஸ்பென்ஷன் மீதுதான்.

மாதம் ஒருமுறையாவது ஆழியாற்றிலிருந்து வால்பாறை வரை அந்த நாற்பது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி இறங்குகிறேன். இறக்கத்தில் பிரேக் பிடித்தால் மூக்கு தரையை நோக்கிக் குனிகிறது, வளைவில் திருப்பினால் உடல் வெளிப்பக்கம் சாய்கிறது, சாலையில் ஒரு மேடு வந்தால் அதைத் தாண்டிய பிறகும் பின்பகுதி இரண்டு முறை எழுந்து அடங்குகிறது. சென்ற முறை பின் இருக்கையில் இருந்த என் அம்மா பதினைந்தாவது வளைவிலேயே காரை நிறுத்தச் சொல்லிவிட்டார். இவை தவிர, டயருக்கும் அதன் மேலுள்ள ஃபெண்டர் தகட்டுக்கும் நடுவே மூன்று விரல் நுழையும் இடைவெளி இருப்பது வாங்கிய நாளிலிருந்தே என் கண்ணை உறுத்திக்கொண்டிருக்கிறது.

40 மி.மீ. தாழ்த்தும் ஸ்பிரிங்குகள் போடலாம் என்று எண்ணியிருக்கிறேன். பழைய ஷாக் அப்சார்பர்களே போதும் என்று ஒரு பட்டறையில் சொல்கிறார்கள். ஸ்பிரிங்கே வாங்க வேண்டாம், இருப்பதில் ஒரு சுற்றை வெட்டிவிடலாம் என்று இன்னொரு பட்டறையில் சொல்கிறார்கள். தினமும் அலுவலகம் போய்வரும் வழியில் பதினொரு வேகத்தடைகள் உள்ளன; குடியிருப்பின் அடித்தள வாகன நிறுத்தத்துக்கு இறங்கும் சரிவும் செங்குத்தானது. ஆண்டுக்கு ஓரிரு முறை செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வே பந்தயத் தளத்தில் ஓட்டவும் ஆசை. எவ்வளவு தாழ்த்தலாம், எதை முதலில் மாற்ற வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் கூற வேண்டுகிறேன்.

சுருள்வில் எழுதியது:

நண்பருக்கு வணக்கம். பந்தயக் கார்களுக்கான பட்டறை ஒன்றில் ஒன்பது ஆண்டுகள் சஸ்பென்ஷன் வேலை பார்த்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். நீங்கள் பட்டியலிட்ட குறைகளில் எதுவும் காரின் உயரத்தால் வந்ததாக எனக்குத் தோன்றவில்லை. மேடு தாண்டிய பிறகும் பின்பகுதி இரண்டு முறை எழுந்து அடங்குவது, ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்க வேண்டிய ஷாக் தன் வேலையைச் செய்யவில்லை என்பதற்கான அடையாளம். நம் சாலைகளில் 82,000 கி.மீ. ஓடிய ஷாக்குகள் ஓய்ந்துபோவது இயல்பு. சக்கரத்தைக் கழற்றி, ஷாக்கின் தூசி உறையை மேலே தள்ளிப் பாருங்கள். தண்டில் எண்ணெய்ப் பிசுக்கு படிந்திருந்தாலோ, உள்ளே, ஷாக் முழுவதும் அமுங்கும்போது முட்டித் தாங்கும் பம்ப் ஸ்டாப் ரப்பர் கட்டை பிஸ்கட்டைப் போல உதிர்ந்திருந்தாலோ, நீங்கள் இப்போது ஓட்டிக்கொண்டிருப்பது ஃபோக்ஸ்வேகன் கட்டித் தந்த சஸ்பென்ஷனையே அல்ல. அதை வைத்துக்கொண்டு காரின் உயரத்தைப் பற்றி முடிவெடுப்பது நியாயமாகாது.

தாழ்த்துவதன் உண்மையான விலை என்ன என்பதைப் பலரும் யோசிப்பதில்லை. ஸ்பிரிங்கின் விலையை நான் சொல்லவில்லை, சக்கரம் மேலே எழும்புவதற்கு உள்ள இடத்தைச் சொல்கிறேன். கணக்குக்காக, கார் நிற்கும் நிலையிலிருந்து சக்கரம் 80 மி.மீ. மேலே போகலாம் என்று வைத்துக்கொள்வோம். 40 மி.மீ. தாழ்த்தினால் பாதி இடம் போய்விடும். ஸ்பிரிங் விழுங்கும் ஆற்றல் அது அமுங்கும் தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், பாதித் தூரத்தில் அதே குழியின் அடியைத் தாங்க நான்கு மடங்கு விறைப்பான ஸ்பிரிங் தேவைப்படும். 25 மி.மீ. மட்டும் தாழ்த்தினாலும் இரண்டு மடங்குக்குச் சற்று மேல் வேண்டும். அவ்வளவு விறைப்பான ஸ்பிரிங்கைத் தெருவில் ஓடும் காருக்கு யாரும் விற்பதில்லை. சந்தையில் கிடைப்பவை பெரும்பாலும் பழையதைவிடக் கொஞ்சம்தான் விறைப்பானவை. மீதி அடியை பம்ப் ஸ்டாப் வாங்கிக்கொள்கிறது. அதாவது பாதி நேரம் உங்கள் கார் ரப்பர் கட்டையின் மேல் ஓடும். வளைவின் நடுவில் ஒரு பள்ளம் வந்து வெளிப்பக்கச் சக்கரம் பம்ப் ஸ்டாப்பில் முட்டினால், அந்தக் கணத்தில் டயரின் பிடிப்பு சட்டென்று விட்டுப்போகும். வால்பாறைச் சாலையில் அது எங்கே நிகழ்ந்தாலும் ஆபத்துதான்.

ஒரு சுற்றை வெட்டுவதைப் பற்றியும் இதே கணக்கில் பாருங்கள். வேலை செய்யும் சுற்றுகள் ஐந்து உள்ள ஸ்பிரிங்கில் ஒன்றை வெட்டினால் விறைப்பு கால் பங்கு மட்டுமே கூடும். உயரமோ பல சென்டிமீட்டர் இறங்கிவிடும். வெட்டிய முனை அடித்தட்டில் சரியாக உட்காராது. சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங் தளர்ந்து நகரும். அந்தப் பட்டறைக்கு மறுபடி போகாதீர்கள் என்று வெளிப்படையாகவே கேட்டுக்கொள்கிறேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். போலோவின் முன்புறம் மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட், அதாவது ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே தூணாகச் சேர்ந்து சக்கரத்தைத் தாங்கும் அமைப்பு. இதில், சக்கரத்தைக் கீழ்ப்பக்கம் காரின் உடலோடு இணைக்கும் லோயர் ஆர்ம் உள்ளிருந்து வெளியே போகப் போகச் சற்றுக் கீழ்நோக்கிச் சரிந்திருப்பது நல்லது. காரைத் தாழ்த்தினால் அந்தச் சரிவு மறைந்து, மிகவும் தாழ்த்தினால் மேல்நோக்கித் திரும்பிவிடும். அப்போது காரின் எடை மையம் 40 மி.மீ. இறங்கினால், உடல் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தச் சாய்வு மையம் அதைவிட அதிகமாக இறங்கிவிடும். இரண்டுக்கும் இடையிலான தூரம் கூடுவதால் சாய வைக்கும் நெம்புகோல் நீளமாகிறது. சாய்வைக் குறைக்கத் தாழ்த்திய கார் முன்னைவிட அதிகமாகச் சாய முனைவது இதனால்தான். இதோடு, ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட்டின் கோணமும் மாறுவதால், மேடு பள்ளங்களில் ஸ்டீயரிங்கைத் தொடாமலேயே சக்கரம் சற்றுத் திரும்பும். இவற்றைச் சரிசெய்ய ஆர்ம் முனையில் போடும் நீளமான பால் ஜாயிண்ட்டுகள் உண்டு. பந்தயக் கார்களில் போடுகிறோம். பந்தயத் தளம் மென்மையாக இருப்பதாலும், ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் காரை அவிழ்த்துப் பார்ப்பதாலும் அங்கே தாழ்வாக ஓட்ட முடிகிறது. அலுவலகம் போய்வரும் காரை அப்படிப் பார்த்துக்கொள்ள உங்களுக்கு நேரம் இருக்காது.

ஆகவே என் பரிந்துரை: உயரத்தைத் தொடாமல் நல்ல ஷாக்குகளை முதலில் போடுங்கள். கம்பெனி உயரத்துக்கு பில்ஸ்டீன் நிறுவனத்தின் பி6 ஷாக் பொருந்தும். அதன் பி8 வகை, தாழ்த்திய ஸ்பிரிங்குகளுக்கென்று குட்டையாகச் செய்யப்படுவது. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். புதிய டாப் மவுண்ட், பேரிங், பம்ப் ஸ்டாப், நல்ல டயர் ஆகியவற்றோடு ஒரு மாதம் ஓட்டுங்கள். அதன் பிறகும் தாழ்த்த வேண்டும் என்று தோன்றினால் 25 மி.மீ.க்கு மேல் போகாதீர்கள். ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாக வரும் காயில்ஓவர் வாங்கினால் உயரத்தை விருப்பப்படி மாற்றலாம் என்பது உண்மை. ஆனால் மலிவான காயில்ஓவரைவிட நல்ல சாதாரண ஷாக் எவ்வளவோ மேல்.

பொள்ளாச்சி_போலோ எழுதியது:

சுருள்வில் அண்ணன் சொன்னதை அனுபவித்தவன் நான். என்னுடையதும் இதே கார்தான். மூன்று ஆண்டுகளுக்கு முன், 30 மி.மீ. தாழ்த்தும் என்று பெட்டியில் அச்சிட்டிருந்த ஸ்பிரிங்குகளைப் பழைய ஷாக்குகளோடு போட்டேன். சக்கர மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை அளந்தபோது 43 மி.மீ. இறங்கியிருந்தது. அந்த 30 என்பது ஐரோப்பாவில் விற்கும் போலோவின் உயரத்திலிருந்து கணக்கிட்டது. நம் ஊர்க் கார் சாலைகளுக்காகச் சற்று உயர்த்திக் கட்டப்பட்டது. இந்த வேறுபாட்டைப் பெட்டியில் யாரும் எழுதுவதில்லை.

நான்காவது மாதம் முன்பக்கத்தில் "டக், டக்" என்ற ஒலி தொடங்கியது. காரைத் தூக்கிப் பார்த்தபோது லோயர் ஆர்மின் பின்பக்க மூட்டில் உள்ள புஷ்ஷில் ரப்பர் உலோகத்திலிருந்து பிறை வடிவில் கிழிந்திருந்தது. காரை ஜாக்கியில் தொங்கவிட்டபடியே, சக்கரங்கள் கீழே இறங்கிய நிலையில், பட்டறைக்காரர் ஆர்ம் போல்ட்டுகளை முறுக்கியிருக்கிறார். கார் தரையில் இறங்கியதும் அந்த ரப்பர் முறுக்கிய துணியைப் போல நாள் முழுவதும் இழுபட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. சக்கரங்களில் காரின் எடை இருக்கும்போதுதான் அந்த போல்ட்டுகளைக் கடைசியாக முறுக்க வேண்டும். டயர்களும் தப்பவில்லை. வெளியிலிருந்து பார்த்தால் புதிது போல இருந்த முன் டயர்களில், உள்விளிம்பில் கம்பி தெரிந்தது. தாழ்த்திய பிறகு வீல் அலைன்மெண்ட் பார்த்தேனா என்று கேட்டால், பார்க்கவில்லை.

வேகத்தடைகளைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தியச் சாலைக் காங்கிரஸின் விதிப்படி வேகத்தடை 3.7 மீட்டர் நீளமும் 10 செ.மீ. உயரமும் கொண்ட வளைந்த மேடாக இருக்க வேண்டும். அப்படிக் கட்டியிருந்தால் தாழ்ந்த காரும் 25 கி.மீ. வேகத்தில் தாண்டிவிடும். நம் தெருக்களில் ஒரு முழ அகலத்தில் சுவர் மாதிரி கட்டிவைக்கிறார்கள். போலோவின் முன், பின் அச்சுகளுக்கு இடையே சுமார் 2.47 மீட்டர், முன் சக்கரங்கள் இறங்கிவிட்ட பிறகு வயிற்றுப் பகுதி அந்தக் குறுகிய முகட்டின் மேல் நிற்கும். வீட்டில் நான்கு பேருடன் கிளம்பினால் ஒவ்வொரு தடைக்கும் இரண்டு பேரை இறங்கச் சொல்ல வேண்டியிருந்தது. கடைசியில் பழைய ஸ்பிரிங்குகளையே மாட்டிவிட்டேன்.

சட்டக்குறிப்பு எழுதியது:

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறிப்பிட்டவற்றிலிருந்து மாறுபடும்படி வாகனத்தை மாற்றக் கூடாது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182-ஏ பிரிவு, சட்டம் அனுமதிக்காத ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடம் தருகிறது. ஓய்ந்த ஷாக்கைக் கழற்றி அதே உயரத்துக்கான நல்ல ஷாக்கைப் போடுவது பழுதுபார்ப்பு. உயரத்தையே மாற்றினால் அது வேறு பேச்சு. எதைச் செய்தாலும் காப்பீட்டு நிறுவனத்துக்கு முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்து, பதிலைப் பாதுகாத்து வையுங்கள்.

மலைச்சாலை_கோவை எழுதியது:

மூவருக்கும் நன்றி. நேற்று என் நண்பரின் பட்டறையில் காரைத் தூக்கிப் பார்த்தோம். முதலில், சமதளத்தில் நிறுத்தி, சக்கர மையத்திலிருந்து ஃபெண்டர் வரை அளந்தேன். முன் இடப்பக்கம் 388 மி.மீ., வலப்பக்கம் 379 மி.மீ. ஒன்பது மில்லிமீட்டர் வேறுபாடு எப்படி வந்தது என்று புரியாமல் வலது ஸ்ட்ரட்டைக் கழற்றியபோது, ஸ்பிரிங்கின் அடிச்சுற்றில் அரைச்சுற்று உடைந்து, துருப்பிடித்த துண்டு அடித்தட்டிலேயே கிடந்தது. எப்போது உடைந்தது என்றே தெரியவில்லை. இவ்வளவு நாள் அதன் மேல்தான் என் குடும்பத்தை மலையேற்றியிருக்கிறேன் என்று நினைத்தபோது கை நடுங்கியது. பின் ஷாக் இரண்டிலும் எண்ணெய் கசிந்திருக்கிறது.

40 மி.மீ. ஆசையை விட்டுவிட்டேன். கம்பெனி உயரத்திலேயே நான்கு புதிய ஸ்பிரிங்குகளும் பி6 ஷாக்குகளும் போடப்போகிறேன். இரண்டு ஐயங்கள் மட்டும் உள்ளன. வளைவுகளில் முன்பக்கம் நேராக வழுக்கிக்கொண்டு போவதைக் குறைக்கப் பின்புறம், உடல் சாய்வதைத் தடுக்கும் தடித்த ஆன்டி-ரோல் பார் போடலாமா? அந்த மூன்று விரல் இடைவெளிக்கு வேறு வழி உண்டா?

சுருள்வில் எழுதியது:

உடைந்த ஸ்பிரிங் அகப்பட்டது நல்லதாயிற்று. டயரை அது கிழிக்காமல் விட்டது உங்கள் நற்பேறு.

பின்புற ஆன்டி-ரோல் பாரை இப்போது போடாதீர்கள். பின்பகுதியின் சாய்வு விறைப்பைக் கூட்டினால், முன்சக்கர இயக்கக் காரில் முன்பக்க வழுக்கல் குறையும் என்பது சரியே. ஆனால் மழையில் நனைந்த இறக்கத்தில், வளைவின் நடுவே பயந்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், அதே பார் பின்பகுதியை வெளியே வீசிவிடும். கரி மைதானத்தில் அதற்குப் புல்வெளி இருக்கிறது, வால்பாறையில் பள்ளத்தாக்கு. புதிய ஷாக்குகளுடன் ஓட்டிப் பழகிய பிறகு, மைதானத்தில் சோதித்துவிட்டு முடிவெடுக்கலாம்.

இடைவெளிக்கு ஒரு வழி உண்டு. உங்கள் காரில் 185/60 ஆர்15 டயர் இருக்கும். அதன் விட்டம் சுமார் 603 மி.மீ. பிற்பாடு வந்த ஜிடி கார்களில் ஃபோக்ஸ்வேகனே கொடுத்த 195/55 ஆர்16 டயரின் விட்டம் சுமார் 621 மி.மீ. ஃபெண்டருக்கும் டயருக்கும் நடுவிலான இடைவெளி 9 மி.மீ. குறையும், தரைக்கும் காருக்கும் இடையிலான உயரம் அதே 9 மி.மீ. கூடும். ஸ்பீடாமீட்டர் முன்பைவிட மூன்று விழுக்காடு குறைத்துக் காட்டும் என்பதையும், எடை கூடிய ரிம் வாங்கினால் புதிய ஷாக்குகளின் பலன் கொஞ்சம் வீணாகும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

வேலை நடக்கும் அன்று கூடவே இருங்கள். ஸ்ட்ரட்டைக் கழற்றும்போது வெளிவரும் போல்ட்டுகளில் சில, ஒருமுறை முறுக்கினால் நீண்டுவிடும் வகை. அவற்றுக்குப் புதியவை வாங்கி வையுங்கள். ஆர்ம் போல்ட்டுகளையும் பின் அச்சின் ஷாக் போல்ட்டுகளையும், பொள்ளாச்சி நண்பர் சொன்னபடி, காரின் எடை சக்கரங்களில் இருக்கும்போது முறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச்சால் முறுக்கச் சொல்லுங்கள். உடனே அலைன்மெண்ட் செய்து, அச்சிட்ட தாளை வாங்கிக்கொள்ளுங்கள். பின்புறம், இரு சக்கரங்களையும் ஒரே உத்திரமாக இணைக்கும் டார்ஷன் பீம் என்பதால் அங்கே திருப்பிச் சரிசெய்ய எதுவும் இல்லை. அளவு எல்லையை மீறியிருந்தால் பீம் அடி வாங்கியிருக்கிறது என்று பொருள். 500 கி.மீ. ஓடியதும் போல்ட்டுகளை ஒருமுறை சரிபார்த்து, ஹெட்லைட்டின் கோணத்தையும் பாருங்கள். முன்பக்க உயரம் சில மில்லிமீட்டர் கூடினாலே எதிரே வருபவரின் கண்ணில் ஒளி அடிக்கும்.