ஒரே வரைபடம், ஒரே அலுமினியம்: பழைய டி-டைப்புக்கு மட்டும் ஏன் இந்த விலை?

டூல்ரூம் ஒரகடம்:

வணக்கம் நண்பர்களே. ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியின் டூல் ரூமில் வேலை பார்க்கிறேன். பழைய ரேஸ் கார்கள் என்றால் பள்ளிக்கூட நாளிலிருந்தே பைத்தியம். அதிலும் ஜாகுவார் டி-டைப். ஓட்டுபவரின் தலைக்குப் பின்னால் எழுந்து நிற்குமே அந்தத் துடுப்பு, அதை வரையாத நோட்டே என்னிடம் இருந்ததில்லை.

என் கேள்வி இதுதான். எக்ஸ்கேடி 501 என்ற எண் கொண்ட 1955 டி-டைப், 2016இல் கலிபோர்னியாவின் மான்டரே ஏலத்தில் 2 கோடியே 17 லட்சம் டாலருக்கு மேல் விலை போனது. இரண்டு வருடம் கழித்து ஜாகுவார் கம்பெனியே டி-டைப்பைத் திரும்பச் செய்யப்போவதாக அறிவித்தது. அந்தக் காலத்தில் 100 கார் திட்டமிட்டு 75தான் முடித்தோம், மீதி 25ஐ இப்போது செய்கிறோம் என்றார்கள். அதே வரைபடம், அதே ஆறு சிலிண்டர் இன்ஜின், கையால் அடித்த அதே அலுமினிய உடல். இதன் விலையும் பத்து லட்சம் பவுண்டுக்கு மேல்தான். ஆனாலும் 501 அதைப் போலப் பல மடங்கு.

நான் மைக்ரானில் அளவு பார்த்துப் பழகியவன். எங்கள் ரூமில் வரைபடம், உலோகம், அளவு மூன்றும் ஒத்துப்போனால் இரண்டு பீஸும் ஒன்றுதான். அப்படியானால் மிச்சப் பணம் எதற்காகக் கொடுக்கப்படுகிறது? காற்றடைத்த விலையா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை:

நீங்கள் கார்க்காரர்போல யோசிக்கிறீர்கள், வாங்குபவர் அப்படி யோசிப்பதில்லை. இந்தப் பழைய கார்களின் எண்ணிக்கை இனி கூடப்போவதில்லை, வாங்க நினைக்கும் கோடீஸ்வரர்கள் மட்டும் கூடிக்கொண்டே போகிறார்கள். விலை ஏறாமல் என்ன செய்யும்? 2022 மே மாதம் மெர்சிடிஸ் தன் 300 எஸ்எல்ஆர் ஊலன்ஹாட் கூபே ஒன்றை ஸ்டுட்கார்ட்டில் இருக்கும் சொந்த மியூசியத்தில் வைத்து 13.5 கோடி யூரோவுக்கு விற்றது. செய்ததே இரண்டு கார். இத்தனைக்கும் அது ஒரு பந்தயத்தில்கூட ஓடவில்லை. நிலம், தங்கம் மாதிரி இதுவும் பணத்தைப் போட்டு வைக்க ஓர் இடம், அவ்வளவுதான்.

கோவென்ட்ரி டிங்கர்:

தம்பி, நான் இங்கிலாந்தின் மிட்லேண்ட்ஸ் பகுதியில் பழைய கார்களைச் சீரமைக்கும் ஒரு பட்டறையில் அலுமினிய டிங்கர் வேலை செய்கிறேன். ஊரில் லாரி கேபின் அடித்துக் கற்ற கை. இங்கே வந்து இங்கிலீஷ் வீல் என்ற, தகட்டை வளைக்கும் உருளைக் கருவியில் தகடு உருட்டப் பழகினேன். உங்கள் கேள்வி நான் தினமும் கைவைக்கிற விஷயம், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் 501 என்ன செய்தது என்று பாருங்கள். 1956 லெ மான்ஸ், பிரான்ஸில் நடக்கும் 24 மணி நேரப் பந்தயம். ஜாகுவாரின் சொந்த டீம் இரண்டாவது சுற்றிலேயே பால் ஃப்ரேர் காரை இழந்தது. அதே டீமின் இன்னொரு ஓட்டுநர் ஹாதார்னின் காரில் எரிபொருள் குழாய் விரிசல் விட்டு நேரம் போயிற்று. எடின்பரோவில் ஒரு சந்துக்குள் கராஜ் வைத்திருந்த எக்யூரி எகோஸ் என்ற சின்ன டீம்தான் 501ஐக் கொண்டு வந்திருந்தது. ஸ்காட்லாந்துக் கொடியின் நீல நிறம். ரான் ஃப்ளாக்ஹார்ட்டும் நினியன் சாண்டர்சனும் மாறி மாறி ஓட்டி, ஸ்டிர்லிங் மாஸும் பீட்டர் காலின்ஸும் ஓட்டிய ஆஸ்டன் மார்ட்டினை இரண்டாம் இடத்துக்குத் தள்ளினார்கள். அந்த 24 மணி நேரத்தை ஓடியது இந்தக் குறிப்பிட்ட கார்தான். இதே மாதிரி ஒன்று என்றால் ஆகாது.

இப்போது உங்கள் அளவுக் கணக்குக்கு வருகிறேன். கோயிலுக்குக் குடமுழுக்கு செய்யும்போது கோபுரத்துச் சுதையைப் புதுப்பிக்கிறோம், சிதைந்த கல்லை மாற்றுகிறோம், ஆனாலும் அதே கோயில்தான். அதே அளவில் பக்கத்து ஊரில் ஒன்று எழுப்பினால் அது வேறு கோயில். டி-டைப்பும் அப்படித்தான். 501இல் தேய்ந்தது, மாற்றியது எல்லாம் இருக்கும். ஆனால் 1955 தொடங்கி இன்றுவரை அந்தக் கார் யாரிடம் இருந்தது, எங்கே ஓடியது, எந்த விபத்தில் எது போனது என்பதை இடைவெளி இல்லாமல் சொல்ல முடிகிறது. விலை அந்தச் சங்கிலிக்குத்தான்.

சங்கிலி அறுந்தால் என்ன ஆகும் என்பதற்கும் டி-டைப்பையே சொல்லலாம். இதை வடிவமைத்த மால்கம் சேயர் பிரிஸ்டல் விமானக் கம்பெனியிலிருந்து வந்தவர். அதனால்தான் விமானம் மாதிரி தகடுகளை ரிவெட் அடித்துச் செய்த ஒரு தொட்டி, அதாவது ஓட்டுபவர் உட்காரும் கூடு, நடுவில் இருக்கும், எரிபொருள்கூட ரப்பர் பைகளுக்குள் இருக்கும். இன்ஜினைத் தாங்கும் குழாய்ச் சட்டம் முன்பக்கம். 1954 கார்களில் அந்தச் சட்டத்தைத் தொட்டியோடு பற்றவைத்துவிட்டார்கள். 1955 முதல் போல்ட் போட்டு முடுக்கினார்கள். முன்பக்கம் மோதினால் சட்டத்தைக் கழற்றி வேறொன்று மாட்டிவிட்டு அடுத்த வாரமே ஓடலாம். பந்தயத்துக்கு அருமையான யோசனை. ஆனால் கார் எண்ணைக் குத்தியிருப்பது அந்தச் சட்டத்தில்! கழற்றிய சட்டம் ஒரு பட்டறை மூலையில் கிடக்கும், தொட்டி இன்னொருவரிடம் போகும். முப்பது வருடம் கழித்து, விலை ஏறத் தொடங்கியதும், இவர் சட்டத்துக்குப் புதுத் தொட்டி செய்வார், அவர் தொட்டிக்குப் புதுச் சட்டம் செய்வார். ஒரே எண்ணோடு இரண்டு கார், இரண்டு பேரும் தன்னுடையதுதான் அசல் என்பார்கள். பொய் சொல்கிறவர் என்று யாரையும் சொல்லிவிட முடியாது. இப்படிப்பட்ட காரின் விலை நிறையவே இறங்கிவிடும். ஏல நிறுவனங்கள் பக்கம் பக்கமாகச் சட்டம் எது, தொட்டி எது, கியர்பாக்ஸ் எது என்று எழுதுவது இதற்காகத்தான்.

அதனால் எங்கள் வேலையே மாறிப்போய்விட்டது. முன்பெல்லாம் வளைந்த தகட்டை வெட்டி எறிந்துவிட்டுப் புதிது போடுவார்கள். வேகமாக முடியும், பார்க்கவும் பளபளப்பாக இருக்கும். இப்போது பழைய தகட்டை ஒரு அங்குலம்கூட விட மனம் வராது. போன குளிர்காலத்தில் 50களின் பந்தயக் கார் ஒன்றின் பின்பக்க உடல் என்னிடம் வந்தது. பெயின்ட்டைச் சுரண்டச் சுரண்ட, கீழே மூன்று நிறங்கள், பட்டி, பட்டிக்குக் கீழே ஒரு கைக்குட்டை அகலத்துக்கு ஒட்டுத்தகடு. உள்பக்கம் திருப்பினால் முதலில் அடித்தவரின் சுத்தியல் தடம் வரிசையாக, ஒரே இடைவெளியில். அவசரத்தில் அடித்த இடங்களில் தடம் நெருக்கமாக இருக்கிறது. உரிமையாளர் புதுத் தகடே போட்டுவிடச் சொன்னார். பழைய பந்தயப் படத்தில் அதே இடத்தில் நசுங்கல் தெரிவதைக் காட்டினேன். அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் ஒட்டு அப்படியே இருக்கட்டும் என்றார். தகட்டின் கனம் பல இடத்தில் ஒரு மில்லிமீட்டருக்கும் கீழே போயிருந்ததால் அதைக் காப்பாற்ற, புதிது செய்வதைப்போல மூன்று மடங்கு நேரம் பிடித்தது. உங்கள் மைக்ரோமீட்டரில் அந்தத் தகடு ரிஜெக்ட்தான் தம்பி. ஆனால் அந்தக் காரில் அதைவிட மதிப்பான பாகம் இல்லை என்று நான் மனசாரச் சொல்வேன்.

கணக்குப்பிள்ளை ஐயா சொன்னதில் பாதி உண்மை. பணம் போட்டு வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் எண்ணிக்கை குறைவு என்பது மட்டும் விலையாகிவிடாது. 1957இல் டி-டைப் விற்காமல் ஜாகுவாரின் ஊரான கோவென்ட்ரியில் தேங்கிக் கிடந்தது. பழைய பந்தயக் கார் யாருக்கு வேண்டும்? அதனால்தான் மிச்சமிருந்த 25ஐச் சாலையில் ஓடும்படி எக்ஸ்கேஎஸ்எஸ் என்று மாற்றத் தொடங்கினார்கள். அந்த வருடம் பிப்ரவரி 12 அன்று பிரவுன்ஸ் லேன் ஆலையில் தீப்பிடித்து ஒன்பது எரிந்துபோக, 16 மட்டும் தேறின. இத்தனைக்கும் அதே வருடம் லெ மான்ஸில் டி-டைப்கள் 1, 2, 3, 4, 6 என்று இடம் பிடித்தன. அப்போதும் வாங்க ஆள் இல்லை.

ஃபெராரி 250 ஜிடிஓ இன்னும் கொடுமை. 1962 முதல் 64 வரை செய்தது 36. அதில் ஒன்று பிறகு டெக்சாஸில் ஒரு உயர்நிலைப் பள்ளிக்கு, மாணவர்கள் மெக்கானிக் வேலை பழகுவதற்காகப் போய்ச் சேர்ந்தது. 1972இல் பள்ளி அதை 6,500 டாலருக்கு விற்றது. வாங்கியவர் ஒஹாயோவில் திறந்தவெளியில் டிரெய்லர் மேல் வருடக்கணக்கில் நிறுத்தி வைத்திருந்தார். 2018இல் வேறொரு ஜிடிஓ 4.84 கோடி டாலருக்குப் போனது. நடுவில் விலை நேர்கோடாக ஏறவில்லை. 80களின் கடைசியில் ஒரு கோடி டாலரைத் தாண்டியது, 90களின் நடுவில் பாதிக்கும் கீழே விழுந்தது. 2023இல் நியூயார்க்கில் ஜிடிஓ குடும்பத்துக் கார் ஒன்று 5.17 கோடிக்கு விற்றபோது, 6 கோடி தாண்டும் என்று எதிர்பார்த்திருந்தவர்களுக்கு ஏமாற்றம். தங்கம் போலப் பத்திரமானது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஊலன்ஹாட் கூபே பந்தயம் ஓடாதது ஏன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1955 லெ மான்ஸில் மெர்சிடிஸ் கார் ஒன்று கூட்டத்துக்குள் பாய்ந்து எண்பதுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த வருடக் கடைசியில் கம்பெனி பந்தயத்தை விட்டே விலகியது. 56க்காகச் செய்த கூபேக்கு வேலை இல்லாமல் போக, அதைச் செய்த ருடால்ஃப் ஊலன்ஹாட்டே சாலையில் ஓட்டினார். ஓடாததும் அந்தக் காரின் வரலாறுதான். விற்ற பணம் மாணவர் உதவித்தொகைக்குப் போகிறது.

பழைய பியட்:

கோவென்ட்ரி தம்பி எழுதியதைப் படித்து மனசு நிறைந்துவிட்டது. நான் சோழவரத்துக்கு வருடா வருடம் போனவன். இரண்டாம் உலகப் போர்க்கால ஓடுபாதையில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்திய பந்தயம். பியட், ஹெரால்டு இன்ஜின்களை வைத்துக்கொண்டு நம்ம பையன்கள் என்னென்ன செய்தார்கள்! கோயம்புத்தூர் கரிவர்தன் மாதிரி ஆட்கள் சொந்தமாகவே பந்தயக் கார் கட்டினார்கள். அந்தக் கார்கள் எங்கே? நான் தேடிப் பார்த்தவரை, இன்ஜின் கிடைத்தால் உடல் இல்லை, உடல் கிடைத்தால் ஆர்.சி. புக் இல்லை. விலை இருக்கிறதோ இல்லையோ, எனக்கு அவை ஒருமுறை ஓடுவதைப் பார்க்க வேண்டும்.

கோவென்ட்ரி டிங்கர்:

ஐயா, உங்களிடம் படங்கள் இருந்தால் இப்போதே பின்பக்கத்தில் தேதி, கார் எண், ஓட்டியவர், கட்டியவர் எல்லாம் எழுதி வையுங்கள். மெக்கானிக்குகள் உயிரோடு இருக்கும்போதே அவர்கள் வாயால் சொல்லச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். எந்தச் சட்டத்தில் எந்த இன்ஜின் உட்கார்ந்தது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். இங்கே பல கார்களின் சங்கிலி ஒரு மெக்கானிக்கின் டைரியில்தான் முழுமையாகியிருக்கிறது.

டூல்ரூம் ஒரகடம்:

அண்ணே, இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு நன்றி. அந்தத் தகடு ரிஜெக்ட் என்ற வரியை எங்கள் ரூமில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். இரண்டு கேள்வி மிச்சம். அப்படியானால் ஜாகுவார் திரும்பச் செய்த புது டி-டைப் வீணா? அப்புறம், இந்தக் கார்களைக் கண்ணால் பார்க்க, ஓடும் சத்தம் கேட்க எங்கே வர வேண்டும்?

கோவென்ட்ரி டிங்கர்:

வீண் இல்லை தம்பி. அந்த வேலையால் இளம் பிள்ளைகள் பலர் ரிவெட் அடிக்கவும் வீல் உருட்டவும் கற்றுக்கொண்டார்கள். அந்தக் கை இல்லாவிட்டால் நாளைக்கு 501ஐயே யாரும் தொட முடியாது. ஆனால் அசல் கார் நுழையும் இடத்தில் அதற்கு வழி கிடைப்பது கஷ்டம். இத்தாலியில் பிரெஷாவிலிருந்து ரோம் போய்த் திரும்பும் மில்லே மிலியா என்ற பழைய கார் ஓட்டத்தில், 1927 முதல் 1957 வரை நடந்த பழைய பந்தயத்தோடு தொடர்புள்ள கார்களுக்குத்தான் இடம். அந்த அழைப்பு கிடைக்கும் என்பதே விலையில் ஒரு பங்கு.

பார்ப்பதற்குச் செப்டம்பரில் இங்கிலாந்துக்கு வாருங்கள், குட்வுட் ரிவைவல் என்ற பழைய கார்ப் பந்தய விழா. 1948 முதல் 66 வரை பந்தயம் நடந்த அதே தடம். பேடக் எனப்படும் கார்கள் நிற்கும் பகுதிக்குள் போக அந்தக் காலத்து உடை வேண்டும், கோட்டும் டையும் எடுத்து வாருங்கள். காலையில் சீக்கிரம் போனால் இன்ஜினைச் சூடுபடுத்துவார்கள், பக்கத்திலேயே நிற்கலாம். கோடிக்கணக்கான பவுண்டு காரை வளைவில் சறுக்கவிட்டு ஓட்டுகிறவர்களையும் அங்கே பார்ப்பீர்கள். அவர்கள் மேல் எனக்கு ரொம்ப மரியாதை. நசுங்கினால் எங்களிடம்தான் வரும், அடித்து நிமிர்த்துகிறோம். குளிரூட்டிய அறையில் பூட்டி வைத்த காரின் சீல்கள் காய்ந்துபோய் வருவதைப் பார்க்கும்போதுதான் வயிறு எரியும்.

ஓடாத நாளில் வந்தால் கெய்டனில் பிரிட்டிஷ் மோட்டார் மியூசியம் இருக்கிறது. ஜாகுவாரின் வரலாற்றுக் கார்களை அங்கே வைத்திருக்கிறார்கள். டி-டைப் பக்கத்தில் குனிந்து, கதவுக்குக் கீழே ரிவெட் வரிசையைப் பாருங்கள். தேதி முடிவானதும் இங்கேயே எழுதுங்கள், சனிக்கிழமை என்றால் நானும் வந்துவிடுகிறேன்.