சென்னையில் ஹாஸ்டல் கிடைக்காதவர்கள் எந்த ஏரியாவில் வீடு பார்த்தீர்கள்?

கிண்டி, எம்.இ. இரண்டாம் ஆண்டு

அட்மிஷன் முடிந்து, ஹாஸ்டல் பட்டியலில் பெயர் வராதவர்கள் வீடு தேடி அலையும் நேரம் இது. என் அனுபவத்தைச் சொல்கிறேன். மற்றவர்களும் உங்கள் ஏரியாவைப் பற்றிச் சொன்னால் வெளியூரிலிருந்து வரும் பிள்ளைகளுக்குப் பெரிய உதவியாக இருக்கும்.

அண்ணா பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்ததும் முதலில் கோட்டூர்புரம் பார்த்தோம். நடந்தே கல்லூரிக்குப் போய்விடலாம். ஆனால் வாடகை மாணவர்களுக்குக் கட்டுப்படியாகாது. அடையாறும் அப்படித்தான். விசாரித்தவர்கள் எல்லாரும் கை காட்டியது வேளச்சேரியை. பறக்கும் ரயில் (மேம்பாலத்தில் ஓடும் உள்ளூர் ரயில்), நிறைய பஸ், தெருவுக்குத் தெரு மெஸ் என எல்லாம் இருக்கிறது.

அங்கே ராம் நகர் பக்கம் தரைத்தளத்தில் ஒரு வீடு அமைந்தது. புது டைல்ஸ், புது பெயின்ட், வாடகையும் குறைவு. கூட வந்த நண்பன் உடனே டோக்கன் அட்வான்ஸ் கொடுத்துவிடலாம் என்றான். எதற்கும் கேட்டுப் பார்க்கலாம் என்று தெருமுனையில் இஸ்திரி போடும் அண்ணனிடம், "இந்தப் பக்கம் எப்படிண்ணே?" என்றேன். அவர் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, எதிரில் இருந்த காம்பவுண்டுச் சுவரைக் காட்டினார். வெள்ளையடித்து வருடக்கணக்கான சுவர். என் இடுப்புக்கு மேலே ஒரு பழுப்புக் கோடு, இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஒரே மட்டத்தில் ஓடியது. "மிக்ஜாம் புயல் வந்தப்ப நின்ன தண்ணி தம்பி. அந்த வீட்டுக்கு எதுக்குப் புது பெயின்ட்டுன்னு இப்பப் புரியுதா?" என்றார்.

வேளச்சேரி தாழ்வான இடம். தென்சென்னை ஏரிகள் நிரம்பி வழிந்தால் தண்ணீர் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குத்தான் வந்து சேர வேண்டும். அந்தச் சதுப்பு நிலமோ குப்பையாலும் கட்டடங்களாலும் சுருங்கிக் கிடக்கிறது. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் வேளச்சேரியில் பல தெருக்கள் மூழ்கின. கோட்டூர்புரத்திலும் 2015இல் அடையாறு பெருகி ஆற்றோரத் தெருக்களில் தண்ணீர் புகுந்தது. ஆகவே ஏரியா பெயரை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது, தெருத் தெருவாக விசாரிக்க வேண்டும். நாம் வீடு தேடுவது வெயில் காயும் ஜூலையில். மழை வருவது அக்டோபருக்கு அப்புறம். நம் கண்ணுக்குத் தெரியாததை அங்கேயே இருப்பவர்கள்தான் சொல்ல முடியும்.

கடைசியில் தரமணியில் முதல் மாடியில் அறை எடுத்தோம். ரயிலில் கோட்டூர்புரம், அங்கிருந்து நடை. போர்வெல் தண்ணீர் உப்பு, குடிக்கக் கேன் வாங்குகிறோம். மற்றபடி நிம்மதி.

சேப்பாக்கம், எம்.ஏ. வரலாறு

பெண்கள் இன்னும் சில விஷயங்களைப் பார்க்க வேண்டும். நான் மண்டைவெளி, மயிலாப்பூர், திருவல்லிக்கேணி மூன்றையும் சுற்றினேன். மூன்றிலிருந்தும் எங்கள் வளாகம் இருக்கும் சேப்பாக்கத்துக்குப் பறக்கும் ரயில் உண்டு. ஆனால் அந்த நிலையங்கள் மிகப் பெரியவை, இருட்டிய பிறகு ஆள் நடமாட்டம் குறைந்துவிடும். பகலில் பார்த்துவிட்டுப் பணம் கட்டாதீர்கள். இரவு ஒன்பது மணிக்குத் தோழி ஒருத்தியோடு நிலையத்திலிருந்து வீடு வரை நடந்து பாருங்கள். நாங்கள் அப்படிப் போனபோது மண்டைவெளியில் பூக்கட்டிக்கொண்டிருந்த ஓர் அம்மா கூப்பிட்டு, "இந்தத் தெருவு வேணாம் பாப்பா, முக்குல ஒயின் ஷாப் இருக்கு. அடுத்த தெருவுல பாரு, ராத்திரி பத்து மணி வரைக்கும் கடைங்க தொறந்திருக்கும்" என்றார். அந்த அடுத்த தெருவில்தான் இப்போது இருக்கிறேன்.

பஸ்ஸையும் கணக்கில் எடுங்கள். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டணப் பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. அந்தப் பஸ் அடிக்கடி வரும் சாலைக்குப் பக்கத்தில் வீடு இருந்தால் மாதச் செலவில் நன்றாகவே மிச்சமாகும்.

லேடீஸ் ஹாஸ்டல் என்றால் உரிமம் இருக்கிறதா என்று கேட்கத் தயங்காதீர்கள். 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்கள் விடுதி நடத்த மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் வாங்க வேண்டும். நான் கேட்டதும் ஓரிடத்தில் பேச்சை மாற்றினார்கள், எழுந்து வந்துவிட்டேன். அப்புறம் கேட் மூடும் நேரம். நூலகத்தில் உட்கார்ந்து படிப்பவர்களுக்கு எட்டு மணிக் கேட் ஒத்துவராது. அதை வார்டனிடம் கேட்பதைவிட, மொட்டை மாடியில் துணி காயப்போடும் பெண்களிடம் கேளுங்கள். லேட்டானால் என்ன நடக்கும் என்பதை அவர்கள்தான் உள்ளபடி சொல்வார்கள்.

ஆராய்ச்சி மாணவர், பெருங்குடி

யாரும் எழுதாததை எழுதுகிறேன். வீடு பார்க்கப் போன இடங்களில் "எந்த ஊர்?" என்று தொடங்கும் கேள்வி, "ஊர்ல எந்தத் தெரு? குலதெய்வம் எது?" என்று போய் முடியும். சாதியைத்தான் கேட்கிறார்கள். பதில் சொன்னதும் "வீட்டுல கலந்து பேசிட்டு போன் பண்றோம்" என்பார்கள், போன் வராது. "சைவமா?" என்ற கேள்விக்குப் பின்னாலும் பல இடங்களில் இதுதான் இருக்கிறது. படிக்க வந்த ஊரில் இதைக் கேட்டுக்கொண்டு நிற்பது எவ்வளவு வலிக்கும் என்பது பட்டவர்களுக்குத் தெரியும். இதில் உங்கள் மேல் எந்தக் குறையும் இல்லை. அந்த வாசலிலிருந்து திரும்பி வந்துவிடுங்கள். நல்ல மனிதர்களும் இருக்கிறார்கள். பெருங்குடியில் எங்கள் வீட்டுக்கார அம்மா கேட்டது ஒன்றே ஒன்று: "காலைல அஞ்சு மணிக்கு எழுந்து மோட்டார் போட்டுடுவியாப்பா?"

அட்வான்ஸ் பற்றியும் சொல்ல வேண்டும். சென்னையில் பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது பழைய வழக்கம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி ஒத்துக்கொண்டாலொழிய, மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. சட்டம் பேசினால் சிலர் "அப்ப வேற வீடு பாருங்க" என்கிறார்கள்தான். ஆனாலும் பணிவாகச் சொல்லிப் பாருங்கள், எங்களுக்குக் குறைத்தார்கள். கொடுத்த தொகை ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்கட்டும். காலி செய்யும்போது பெயின்ட்டுக்கு எவ்வளவு பிடிப்பார்கள், கரண்ட்டுக்கு யூனிட் என்ன கணக்கு என்பதையும் அன்றே பேசிவிடுங்கள். அரசு தரும் இலவச மின்சார யூனிட் பல வாடகைதாரர்களுக்கு வந்து சேர்வதே இல்லை.

முன்பு திருவல்லிக்கேணி, இப்போது வேலையில்

தனியாளாக வரும் பையன்களுக்குத் திருவல்லிக்கேணி மேன்ஷன் (தனித்தனி அறைகள் உள்ள ஆண்கள் விடுதி) இன்றும் நல்ல வழி. ஒரு கட்டில், ஒரு ஃபேன், பொதுக் கழிப்பறை. பெரிய அட்வான்ஸ் தேவையில்லை. கீழே இறங்கினால் மெஸ், பைகிராஃப்ட்ஸ் சாலையில் பழைய புத்தகக் கடைகள், நடந்தால் கடற்கரை. சேப்பாக்கத்தில் படிப்பவர்களுக்கு இதைவிடப் பக்கம் கிடையாது. அறையில் காற்று வருமா என்று மட்டும் ஜன்னலைத் திறந்து பார்த்துவிடுங்கள்.

கிண்டி, எம்.இ. இரண்டாம் ஆண்டு

தென்காசியிலிருந்து ஒரு தம்பி, போட்டோ பார்த்து அட்வான்ஸ் அனுப்பிவிடலாமா என்று கேட்டிருந்தார். வேண்டாம் தம்பி. முதல் மாதத்துக்கு மட்டும் கல்லூரிக்குப் பக்கத்தில் ஏதாவது பிஜியில் (பேயிங் கெஸ்ட் விடுதியில்) தங்கிக்கொள்ளுங்கள். வகுப்பு தொடங்கியதும் சீனியர்கள் பழக்கமாவார்கள், சேர்ந்து தங்க ஆளும் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்களோடு நடந்து தேடுங்கள். தரமணிப் பக்கம் வருவதாக இருந்தால் சொல்லுங்கள், எங்கள் தெருவில் இரண்டு டு-லெட் போர்டு தொங்குகிறது, நானே கூட வருகிறேன்.